எவர்சில்வர் பாத்திரமும் நிக்கல் விலையும்

மைசூரு நகரின் விஜயநகர் பகுதி, முதற்கட்டம், இரண்டாங்கட்டம் என்று படிப்படியாக விரிந்து வளர்ந்த குடியிருப்பாகும். அங்குப் புதுமனை புகும் குடும்பம் முதலில் வாங்கும் பொருள்களுள் எவர்சில்வர் பாத்திரமும் ஒன்று. கடைக்காரர் குடத்தையும் தவலையையும் தராசில் நிறுத்துக் கிலோ கணக்கில் விலை கூறுவார். சரக்கு உயர்ந்தது என்று மெய்ப்பிக்கச் சிறு காந்தம் ஒன்றைப் பாத்திரத்தின் மீது வைத்துக் காட்டுவார். காந்தம் ஒட்டாது விழும். வாங்குவோர் மனநிறைவுடன் பணத்தைக் கொடுப்பர். இந்தச் சோதனை பாதி உண்மையை மட்டுமே கூறுகிறது. எஞ்சிய பாதியை அறிய, அப்பாத்திரத்தில் கலந்துள்ள நிக்கல் என்னும் உலோகத்தையும், அதன் விலை உலகச் சந்தையில் ஏறி இறங்கும் முறையையும் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

எவர்சில்வர் என மக்கள் வழங்குவது துருப்பிடிக்காத எஃகே. அதன் பெயர்பெற்ற வகையில் 100 பங்கிற்கு ஏறத்தாழ 18 பங்கு குரோமியமும் 8 பங்கு நிக்கலும் உள்ளன. எஞ்சியது பெரும்பாலும் இரும்பு. வணிகர் இதனை 304 என்ற எண்ணால் குறிப்பர். துருவைத் தடுப்பது முதன்மையாகக் குரோமியத்தின் வேலை. அது எஃகின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடுப் படலமாகப் படிந்து காக்கிறது. நிக்கலின் வேலை வேறு. எஃகினுள் அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் ஒழுங்கை அது மாற்றிவிடுகிறது. அதனால் எஃகு இளகிய தன்மை பெற்று, ஆழமான பாத்திரமாக அழுத்தி இழுத்தாலும் கிழியாது வளைந்து கொடுக்கிறது. காந்தத்தால் ஈர்க்கப்படும் தன்மையையும் இழந்துவிடுகிறது.

இங்கு ஒரு வேடிக்கை உண்டு. தனி நிக்கல் காந்தத்தால் நன்கு ஈர்க்கப்படும் உலோகம். 1950-இல் வெளிவந்த இந்திய ஒரு ரூபாய் நாணயம் தனி நிக்கலால் ஆனது. பழைய நாணயம் கிடைக்குமாயின் ஆசிரியர்கள் வகுப்பிலேயே காந்தத்தை வைத்துக் காட்டலாம். 1975 முதல் அந்நாணயம் செம்பும் நிக்கலும் கலந்து அடிக்கப்பட்டது. 1992 முதல் நிக்கல் இல்லாத துருப்பிடிக்காத எஃகு வந்தது. அவ்வெஃகும் காந்தத்தில் ஒட்டும். காந்தத்தால் ஈர்க்கப்படும் இரும்பும் நிக்கலும் குரோமியத்துடன் உரிய அளவில் சேர்ந்தால் ஈர்ப்பு மறைந்துவிடுகிறது என்பது மாணவர்களை வியக்கவைக்கும்.

இனி விலைக்கு வருவோம். ஒரு கிலோ 304 எஃகில் சுமார் 80 கிராம் நிக்கல் உண்டு. நிக்கல் டன்னுக்கு 16,000 டாலராக இருக்கும்போது அந்த 80 கிராமின் மதிப்பு 1.28 டாலர், 50,000 டாலராக உயர்ந்தால் 4 டாலர். இது வெறுங்கணக்கன்று. 2007-ஆம் ஆண்டு மே மாதத்தில் லண்டன் உலோகச் சந்தையில் விலை 50,000 டாலரைக் கடந்தது. 2016-இன் தொடக்கத்திலோ 8,000 டாலரையும் விடக் குறைந்தது. எவர்சில்வரின் கிலோ விலை நிலையாக நில்லாமைக்கு இதுவே பெருங்காரணம். உலகில் கிடைக்கும் நிக்கலில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு துருப்பிடிக்காத எஃகிற்கே செல்கிறது. வனஸ்பதி ஆலைகளில் எண்ணெயை உறையவைக்கும் வினையூக்கியாகவும், முலாம் பூசவும், மின்கலங்களிலும் எஞ்சியது பயன்படுகிறது. மோட்டார் வாகன மின்கலங்களின் தேவை அண்மையில் பெருகியது.

நிக்கல் கனிகள் இருவகைப்படும். ஒன்று கந்தகத்துடன் கூடிய கடினப் பாறைக் கனி. கனடாவின் சட்பரியில் 1883-இல் இருப்புப்பாதை அமைக்கையில் இது வெளிப்பட்டது. உருசியாவின் நோரில்ஸ்க் இதற்கு மற்றொரு பேரிடம். இக்கனியிலிருந்து தூய நிக்கலை எடுத்தல் ஒப்புநோக்கில் எளிது. மற்றொன்று, வெப்ப நாடுகளில் மழையால் பாறை சிதைந்து உண்டாகும் செம்புறாங்கல் வகை. நியூ கலிடோனியா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா ஆகியவற்றில் இது மிகுதி. இதிலிருந்து நிக்கலைப் பிரிக்கப் பெரும் வெப்பமோ, அழுத்தத்துடன் கூடிய காடியோ தேவை. ஆகவே நெடுங்காலம் கந்தகக் கனியே சந்தையை ஆண்டது. 1969-இல் சட்பரியில் தொழிலாளர் வேலைநிறுத்தம் நேர்ந்தபோது உலகெங்கும் நிக்கல் தட்டுப்பாடு ஏற்பட்டதிலிருந்து, ஓரிரு சுரங்கங்களை நம்பியிருந்த நிலையை உணரலாம்.

இன்று அந்த இடம் இந்தோனேசியாவினுடையது. கனியை அப்படியே விற்பதைவிட நாட்டினுள்ளேயே உருக்கி விற்றால் ஆதாயம் மிகும் என்று கருதிய அந்நாட்டு அரசாங்கம், 2014-இல் கனி ஏற்றுமதியைத் தடுத்தது. 2017-இல் தளர்த்தி, 2020 சனவரியில் மீண்டும் தடுத்தது. சீன முதலீட்டுடன் உலைகள் எழுந்தன. நிலக்கரி மின்சாரத்தால் இயங்கும் அவ்வுலைகள், இரும்புடன் சிறிதளவு நிக்கல் கலந்த வார்ப்பை ஏராளமாக வார்த்தன. எஃகு ஆலைகளுக்கு இதுவே போதுமானது. தூய நிக்கல் வேண்டியதில்லை. 2024-இல் உலகச் சுரங்க உற்பத்தியில் பாதிக்கு மேல் இந்தோனேசியாவினுடையதாயிற்று. சரக்கு குவிந்து விலை சரிந்தமையால், அவ்வாண்டு ஆஸ்திரேலியாவிலும் நியூ கலிடோனியாவிலும் பழைய சுரங்கங்களும் உலைகளும் நிறுத்தப்பட்டன. விலை மலிவுக்குக் காடுகளும் ஆறுகளும் கொடுத்த விலை கணக்கில் வருவதில்லை.

சந்தையின் விந்தையை 2022 மார்ச்சு நிகழ்ச்சி காட்டுகிறது. லண்டன் சந்தையில் ஒப்படைக்கத்தக்கது 99.8 சதவீதத் தூய்மையுள்ள நிக்கல் மட்டுமே. சீனாவின் சிங்ஷான் நிறுவனம், விலை இறங்கும் என எண்ணிப் பின்னர் ஒப்படைப்பதாகப் பெருமளவு விற்றிருந்தது. ஆனால் அது மிகுதியாக உற்பத்தி செய்தது இரும்பு கலந்த வார்ப்பை. அது ஒப்படைக்க உதவாது. உக்ரைன் போரினால் உருசியத் தூய நிக்கல் கிடைக்குமோ என்ற அச்சம் எழ, விற்றவர்கள் திரும்ப வாங்க முண்டியடித்தனர். மார்ச்சு 8-ஆம் நாள் விலை 1,00,000 டாலரைத் தாண்டியது. சந்தை வாணிபத்தை நிறுத்தியதுடன், அன்றைய பேரங்களையே ரத்துச் செய்தது. உலகில் நிக்கல் இல்லாமற் போகவில்லை. வேண்டிய வடிவில் வேண்டிய இடத்தில் இல்லை, அவ்வளவே.

இந்தியாவின் நிலைமை என்ன? ஒடிசாவின் சுகிந்தா பள்ளத்தாக்கில் குரோமியக் கனியின் மேல் மூடிக்கிடக்கும் செம்மண் படிவில் நிக்கல் உண்டு. நாட்டின் நிக்கல் கனி வளம் 18.9 கோடி டன் என மதிப்பிடப்பட்டது. அதில் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் ஒடிசாவில். ஆனால் உலோகத்தின் செறிவு ஒரு சதவீதத்தினும் குறைவு. தனிக் கனிமமாக நில்லாமல் இரும்பு ஆக்சைடினுள் ஊறிக் கிடக்கிறது. புவனேசுவரத்து ஆய்வுக்கூடத்தில் நுண்ணுயிர்களைக்கொண்டு அதனைக் கரைத்தெடுக்கும் முறையும் ஆராயப்பட்டது. எனினும் நாடு இறக்குமதியையும் பழைய எஃகுத் துண்டுகளையுமே நம்பியுள்ளது. 2024 வரவுசெலவுத் திட்டத்தில் இரும்பு-நிக்கல் கலவைக்குரிய சுங்கத் தீர்வை நீக்கப்பட்டதற்கும் இதுவே காரணம்.

விலையுயர்ந்த நிக்கலைத் தவிர்க்க ஆலைகள் கண்ட வழி மாங்கனீசு. அமெரிக்காவில் 1950-களின் நிக்கல் பற்றாக்குறையின்போது பரவிய இம்முறையில், நிக்கலின் பெரும்பகுதிக்குப் பதிலாக மாங்கனீசும் நைட்ரஜனும் சேர்க்கப்படுகின்றன. 200 என்னும் தொடரைச் சேர்ந்த இவ்வெஃகு இந்தியாவில் மிகுதியாக வழங்குகிறது. சிலவற்றில் நிக்கல் 1 சதவீத அளவே. இதுவும் காந்தத்தில் ஒட்டாது! குரோமியமும் இதில் குறைவாதலால், உப்பும் புளியும் நெடுநேரம் தங்கினால் 304-ஐவிட எளிதில் கறையும் புள்ளியும் காணும். இதனைத் தாழ்ந்த சரக்கென்று ஒதுக்க வேண்டுவதில்லை. தட்டிற்கும் டம்ளருக்கும் இது போதும். 304-இன் விலைக்கு இதனை விற்பதுதான் குற்றம். மறுபுறம், உண்மையான 304 பாத்திரத்திலும் ஆழமாக வளைத்த விளிம்பில் காந்தம் சற்றே ஒட்டக்கூடும். அழுத்தத்தால் அவ்விடத்து அணு ஒழுங்கு மாறுவதே காரணம். அதனைக் கண்டு நல்ல பாத்திரத்தை ஒதுக்கிவிடலாகாது.

பழைய இரும்பு வணிகர்கள் ஒரு துளி திரவத்தையும் சிறு மின்கலத்தையும்கொண்டு மாங்கனீசு மிகுந்த எஃகை நிறமாற்றத்தால் கண்டுகொள்கின்றனர். ஊறுகாய், மோர், புளிக்குழம்பு ஆகியவற்றிற்கான பாத்திரம் வாங்குவோர் காந்தத்தை நம்பாமல், எஃகின் எண்ணைப் பட்டியல் சீட்டில் எழுதித் தருமாறு கேட்டல் வேண்டும்.