நாகர்கோவிலின் இன்னொரு கிருஷ்ணனும் டேவிஸ் கோப்பையும்

நாகர்கோவிலில் கிருஷ்ணன் என்று சொன்னால் ஒழுகினசேரி என்.எஸ்.கே.தான் எல்லோர் நினைவுக்கும் வருவார். வரவேண்டியதும்தான். ஆனால் அதே ஊரில் 1937 ஏப்ரல் 11 அன்று இன்னொரு கிருஷ்ணன் பிறந்தார். அவர் பெயரைச் சொன்னால் நம் ஊர்ப் பிள்ளைகளில் பலர் "எந்த கிருஷ்ணன்?" என்று திருப்பிக் கேட்பார்கள். தூத்தூர் கடற்கரையில் பந்து என்றாலே கால்பந்து, மற்ற இடங்களில் கிரிக்கெட். டென்னிஸ் நமக்குக் கொஞ்சம் தள்ளி நிற்கும் ஆட்டம். அந்த ஆட்டத்தில் இந்திய ஆண்கள் அணியை முதன்முதலாக உலக இறுதிப் போட்டிக்குக் கொண்டுபோன ராமநாதன் கிருஷ்ணன் பிறந்தது இங்கேதான்.

அவர் பிறந்தபோது இது திருவிதாங்கூர் சமஸ்தானம். 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த நாளில், அவர் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பையில் ஆடத் தொடங்கி மூன்று வருடம் ஆகியிருந்தது.

டேவிஸ் கோப்பை என்பது நாடுகளுக்கிடையிலான ஆண்கள் டென்னிஸ் போட்டி. 1900இல் அமெரிக்காவும் பிரிட்டனும் பாஸ்டனில் மோதியதில் தொடங்கியது. விம்பிள்டனில் ஒருவர் கேம் வென்றால் நடுவர் அவருடைய பெயரைச் சொல்வார். டேவிஸ் கோப்பையில் ஆளின் பெயர் வராது, "கேம், இந்தியா" என்றுதான் வரும். ஆடுகளத்தின் ஓரத்திலேயே நாற்காலி போட்டு அணித் தலைவர் உட்கார்ந்திருப்பார். பக்கம் மாறும்போதெல்லாம் வீரர் அவர் அருகில் வந்து அமர்ந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அவர் சொல்வதைக் கேட்பார். தனியாளாகவே ஆடிப் பழகியவர்களுக்கு இது வேறு மாதிரியான அனுபவம். சிலர் இதில் சுருங்கிப்போவார்கள், சிலர் தங்கள் அளவுக்கு மீறி ஆடுவார்கள். இந்தியாவுக்கு இந்த இரண்டாம் வகை ஆட்டக்காரர்கள் அதிகம் வாய்த்தார்கள்.

இந்தப் போட்டியின் இரண்டு விதிகளைத் தெரிந்துகொண்டால் இந்திய அணியின் கதையில் பாதி புரிந்துவிடும். ஒன்று: பழைய முறைப்படி, இரு நாடுகள் மோதும்போது மொத்தம் ஐந்து ஆட்டங்கள். முதல் நாள் இரண்டு ஒற்றையர், மறுநாள் ஒரு இரட்டையர், மூன்றாம் நாள் எதிராளியை மாற்றி மறுபடியும் இரண்டு ஒற்றையர். மூன்றை வென்ற நாடு ஜெயித்துவிடும். அதாவது, நல்ல ஆட்டக்காரர்கள் இரண்டே பேர் இருந்தால் எந்த நாட்டையும் எதிர்த்து நிற்கலாம். இரண்டு: போட்டி எந்த நாட்டில் நடக்கிறதோ அந்த நாடே தரையைத் தேர்ந்தெடுக்கும். இந்தியா தேர்ந்தெடுத்தது பெரும்பாலும் புல்தரை. மழை ஈரத்தில் வயல் வரப்பில் நடந்தவர்களுக்குப் புல் எப்படி வழுக்கும் என்று தெரியும். பந்துக்கும் அப்படித்தான். புல்லில் விழுந்த பந்து தாழ்வாக வழுக்கிக்கொண்டு போகும். களிமண் தரையில் விழுந்தால் வேகம் குறைந்து உயரமாக எழும்பும். களிமண்ணில் வளர்ந்த ஐரோப்பியரும் தென் அமெரிக்கரும் கல்கத்தா புல்லில் வந்து திணறியதற்கு இதுதான் காரணம்.

இந்தியா முதலில் ஆடியது 1921இல். முகமது சலீம், எஸ்.எம்.ஜேக்கப், ஏ.ஏ.ஃபைஸி, எல்.எஸ்.டீன் என்று நான்கு பேர் கொண்ட அணி. பாரிஸுக்கே போய் பிரான்ஸை 4-1 என்று வென்றார்கள். அரையிறுதியில் சிகாகோவில் ஜப்பானிடம் ஒரு ஆட்டம்கூட வெல்லாமல் தோற்றார்கள். சுதந்திரத்துக்கு 26 வருடம் முன்பு நடுவர் வாயிலிருந்து "இந்தியா" என்ற பெயர் வந்தது என்பதை நினைத்தாலே சிலிர்க்கிறது. அதற்குப் பிறகு நெடுங்காலம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை.

கிருஷ்ணனின் தந்தை டி.கே.ராமநாதனும் டென்னிஸ் ஆட்டக்காரர்தான். மகனுக்கு முதல் குரு அவரே. 1954இல் விம்பிள்டன் ஜூனியர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் கிருஷ்ணன். 1960, 1961 இரண்டு வருடமும் விம்பிள்டன் ஒற்றையர் அரையிறுதி வரை போனார். 1961 காலிறுதியில் அவர் வீழ்த்தியது ராய் எமர்சனை. கிருஷ்ணனுடைய சர்வீஸில் பலம் கிடையாது. எதிராளி ஓங்கி அடித்த பந்தை வலைக்கு அருகே வாங்கி, அவர் எட்ட முடியாத மூலையில் மெல்ல இறக்கிவைப்பது அவர் பாணி.

1959இல் டேவிஸ் கோப்பையில் ஆஸ்திரேலியாவின் ராட் லேவரை வென்றார். அந்த வருடம் விம்பிள்டன் இறுதி வரை வந்த அதே லேவர். அந்தக் காலகட்டத்தில்தான் தொழில்முறைச் சுற்றை நடத்திய ஜாக் கிராமர், மூன்று வருடத்துக்கு 1,50,000 டாலர் உத்தரவாதம் தருவதாகக் கிருஷ்ணனை அழைத்தார். அன்றைக்கு அது கனவிலும் காணாத தொகை. ஆனால் அன்று தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கு டேவிஸ் கோப்பையிலும் விம்பிள்டனிலும் இடமில்லை. கிருஷ்ணன் மறுத்துவிட்டார். அன்று அவர் தலையாட்டியிருந்தால் 1966 என்ற வருடமே இந்திய டென்னிஸில் இருந்திருக்காது.

அப்போதைய முறைப்படி, முந்தைய வருடம் கோப்பை வென்ற நாடு தன் ஊரில் காத்திருக்கும். மற்ற நாடுகளெல்லாம் தங்களுக்குள் மோதி, கடைசியில் மிஞ்சும் ஒரு நாடு அங்கே போய்ச் சவால் விடவேண்டும். 1966இல் மேற்கு ஜெர்மனியைத் தாண்டிய இந்தியாவுக்கும் அந்தச் சவால் சுற்றுக்கும் நடுவே நின்றது பிரேசில் மட்டுமே. இடம், கல்கத்தா சவுத் கிளப் புல்தரை.

நான்கு ஆட்டங்கள் முடிந்தபோது ஆளுக்கு இரண்டு. ஐந்தாவது ஆட்டத்தில் கிருஷ்ணனுக்கு எதிரே இடதுகைக்காரர் தோமாஸ் கோச். முதல் செட் கோச்சுக்கு 6-3, இரண்டாவது கிருஷ்ணனுக்கு 6-4. டை பிரேக்கர் இல்லாத காலம் என்பதால் மூன்றாவது செட் 22 கேம்கள் இழுத்து 12-10 என்று கோச்சிடம் போனது. நான்காவது செட்டில் கோச் 5-2 முன்னிலை. இன்னும் ஒரே ஒரு கேம் வென்றால் பிரேசில் சவால் சுற்றுக்கு மெல்போர்ன் போய்விடும். கிருஷ்ணனுக்கு வயது 29. ஓங்கி அடித்து ஆட்டத்தைத் திருப்பும் சர்வீஸ் அவரிடம் இல்லை. பந்தைத் திரும்பத் திரும்ப உள்ளே வைப்பது ஒன்றுதான் வழி. அடுத்த ஐந்து கேம்களும் அவருக்கே வந்தன. செட் 7-5. கடைசி செட் 6-2. இந்திய டென்னிஸில் இதற்கு இணையாக இன்னொரு மாலையை என்னால் சொல்ல முடியவில்லை.

மெல்போர்னில் டிசம்பர் 26 முதல் 28 வரை சவால் சுற்று. ஆஸ்திரேலியா 4-1 என்று வென்றது. நமக்குக் கிடைத்த அந்த ஒன்று, கிருஷ்ணனும் ஜெய்தீப் முகர்ஜியும் ஜான் நியூகோம்ப், டோனி ரோச் ஜோடியைத் தோற்கடித்த இரட்டையர் ஆட்டம். அதற்கு முந்தைய வருடத்து விம்பிள்டன் இரட்டையர் சாம்பியன்கள் அந்த இருவர்.

எட்டு வருடம் கழித்து வந்த அணி இதைவிடப் பலமானது. சென்னையின் அமிர்தராஜ் சகோதரர்கள் விஜய், ஆனந்த், இவர்களோடு ஜஸ்ஜித் சிங்கும் சசி மேனனும். 1974இல் இதே கல்கத்தாவில் ஆஸ்திரேலியாவை 3-2 என்று வென்றார்கள். அதில் அண்ணனும் தம்பியுமாக ஜான் அலெக்சாண்டர், காலின் டிப்ளி ஜோடியை வென்ற இரட்டையர் ஆட்டத்தின் கணக்கு இது: 17-15, 6-8, 6-3, 16-18, 6-4. கூட்டிப் பாருங்கள், 99 கேம்கள். இன்றைக்கு இரண்டு செட் 6-4, 6-4 என்று முடிந்தால் மொத்தமே 20 கேம்தான். பிறகு புணேயில் சோவியத் யூனியனையும் வென்று இந்தியா இறுதிக்கு வந்தது.

எதிரணி தென்னாப்பிரிக்கா. நிறவெறிச் சட்டத்தை வைத்துக்கொண்டிருந்த தென்னாப்பிரிக்கா. 1946இலேயே அந்த நாட்டோடு வர்த்தகத்தை நிறுத்திய நாடு இந்தியா. அவர்களோடு ஆடமாட்டோம் என்று இந்திய அரசு முடிவெடுத்தது. இறுதிப் போட்டி ஆடாமலே விட்டுக்கொடுக்கப்பட்டது டேவிஸ் கோப்பையில் அந்த ஒருமுறைதான். தென்னாப்பிரிக்காவுக்குக் கோப்பை அப்படியே போனது.

இந்த முடிவு சரியா என்று இன்றும் கேட்கிறார்கள். சரி என்பதே என் கருத்து. 1860 முதல் சென்னையிலிருந்து கப்பலேற்றி நேட்டால் கரும்புத் தோட்டங்களில் இறக்கப்பட்ட தமிழர்களின் பேரப்பிள்ளைகள், வெள்ளையருக்கென்று ஒதுக்கிய ஆடுகளத்தில் கால் வைக்க முடியாத காலம் அது. அந்த அணியோடு கைகுலுக்கி வாங்கும் கோப்பையை எந்த அலமாரியில் வைப்பது? ஆனாலும் விலை கொடுத்தவர்கள் யார் என்பதை மறக்கக்கூடாது. இருபது வயது விஜய் முதல் அந்த நால்வரும் வாழ்நாளில் கிடைத்த சிறந்த வாய்ப்பை இழந்தார்கள். நாட்டின் கொள்கைக்காக அவர்கள் கொடுத்தது என்னவென்று பள்ளிப் பாடத்தில் ஒரு பத்தியாவது இருக்கவேண்டும்.

மூன்றாவது முறை 1987. விஜய் இப்போது ஆடும் தலைவர். வயது 33. கூட ஆனந்த். இன்னொருவர் ராமநாதன் கிருஷ்ணனின் மகன் ரமேஷ். மூன்று பேரும் சென்னைக்காரர்கள். டெல்லிப் புல்தரையில் அர்ஜென்டினாவின் மார்ட்டின் ஜைட்டேயிடம் இரண்டு செட் இழந்து, அதிலிருந்து மீண்டு வென்றார் விஜய். அரையிறுதி சிட்னியில், ஆஸ்திரேலியரின் சொந்தப் புல்லில். ரமேஷ் தன் இரண்டு ஒற்றையரையும் வென்றார். கடைசி ஆட்டத்தில் வாலி மசூரை நேர் செட்டில் சாய்த்தபோது கணக்கு 3-2. அப்பாவைப் போலவே மகனுக்கும் சர்வீஸ் மென்மை. அப்பாவைப் போலவே கை நுணுக்கம்.

இறுதி ஸ்வீடனின் கோதன்பர்க்கில். தரையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு. டிசம்பர் குளிரில் உள்ளரங்கத்துக்குள் களிமண்ணைப் பரப்பினார்கள். 5-0. நாம் கல்கத்தாவில் மற்றவர்களுக்குச் செய்ததை அவர்கள் நமக்குச் செய்தார்கள், அவ்வளவுதான். ஆனாலும் தந்தை ஒரு இறுதியிலும் மகன் ஒரு இறுதியிலும் ஆடிய குடும்பம் ஒன்று நமக்குக் கிடைத்தது.

குடும்பம் என்ற சொல்லை இங்கே கொஞ்சம் அழுத்திச் சொல்லவேண்டியிருக்கிறது. கிருஷ்ணனுக்கு அப்பா. ரமேஷுக்கும் அப்பா. அமிர்தராஜ் பிள்ளைகளுக்கு அம்மா மார்கரெட். பின்னால் அணிக்கு வந்த லியாண்டர் பயஸின் தந்தை வேஸ் பயஸ், 1972 ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ஹாக்கி அணியில் இருந்தவர். இந்திய டென்னிஸைத் தாங்கியது வீடுகள்தான். வீட்டுக்கு வெளியே விதிவிலக்காக நின்றது விஜய் அமிர்தராஜ் 1985இல் சென்னையில் தொடங்கிய பயிற்சி மையம். லியாண்டர் அங்கே வளர்ந்தவர்.

லியாண்டர் 1990இல் 16 வயதில் அணிக்கு வந்தார். 1993இல் அவரும் ரமேஷும் பிரான்ஸை அவர்கள் மண்ணிலேயே வென்று அரையிறுதி வரை போனார்கள். 1995இல் டெல்லியில் கோரன் இவானிசெவிச்சிடம் இரண்டு செட் பின்தங்கி வென்றார். பிறகு மகேஷ் பூபதியோடு சேர்ந்து டேவிஸ் கோப்பையில் 24 இரட்டையர் ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றார். 2018இல் 43ஆவது இரட்டையர் வெற்றியோடு உலக சாதனையும் அவருக்கு வந்தது.

இங்கேதான் மேலே சொன்ன முதல் விதி நம்மைக் கடிக்கிறது. உலகின் மிகச் சிறந்த ஜோடியே இருந்தாலும் ஐந்தில் இரட்டையருக்கு ஒரே ஒரு புள்ளிதான். மற்ற நான்கும் ஒற்றையர். லியாண்டருக்கு ஒற்றையரில் வேகம் குறைந்தபோது இரண்டு நல்ல ஒற்றையர் ஆட்டக்காரர்களை நம்மால் சேர்த்து நிறுத்த முடியவில்லை. 2010இல் சென்னை நுங்கம்பாக்கத்தில் பிரேசிலிடம் 0-2 என்று பின்தங்கி, ரோஹன் போபண்ணாவும் சோம்தேவ் தேவ்வர்மனும் 3-2 என்று மீட்ட அந்த மூன்று நாட்கள் விதிவிலக்கு. மறு வருடம் உலகப் பிரிவில் செர்பியாவிடம் தோற்று வெளியேறினோம். 2019 முதல் போட்டி முறையே மாறி, ஐந்து செட் ஆட்டங்கள் மூன்று செட்டாகிவிட்டன. இரண்டு செட் இழந்த பிறகும் காத்திருந்து ஜெயிக்கும் நம் பழைய வித்தைக்கு இப்போது இடமே இல்லை.

டென்னிஸ் ஆடுகளம் 78 அடி நீளம், 36 அடி அகலம். நம் கணக்கில் சொன்னால் ஆறரை சென்ட். சுற்றி ஓடுவதற்கும் சேர்த்து 120-க்கு 60 என்று விட்டால் பதினாறரை சென்ட். ஒரு நடுத்தரத் தென்னந்தோப்பின் மூலையில் அடங்கிவிடும். மட்டையும் பந்தும் பயிற்சியாளரும் பிள்ளையை ஊர் ஊராக அழைத்துப் போகும் செலவும்தான் பெரிது. குடும்பம் தாங்கினால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்ற நிலையில் அந்தச் செலவு நிற்கும்வரை, நாகர்கோவிலில் பிறக்கும் அடுத்த பிள்ளை தன் கையில் என்ன இருக்கிறதென்று தெரியாமலே வளர்ந்துவிடக்கூடும்.

2025 செப்டம்பரில் சுவிட்சர்லாந்தின் பீல் நகரில் இந்தியா 3-1 என்று வென்றது. ஐரோப்பிய நாடு ஒன்றை அதன் மண்ணில் வெல்வது 1993க்குப் பிறகு அதுவே முதல் தடவை. சுமித் நாகல் தன் இரண்டு ஒற்றையரையும் வென்றார். ஆனால் அந்த மோதலைத் தொடங்கிவைத்தது டேவிஸ் கோப்பையில் அன்றுதான் முதன்முதலாக இறங்கிய தட்சிணேஸ்வர் சுரேஷ். ஜெரோம் கிம்மை நேர் செட்டில் வென்றார். ஆறடிக்கும் மேலான உயரம், கிருஷ்ணனுக்கு வாய்க்காத அந்த இடிபோன்ற சர்வீஸ். ஊர் மதுரை. வடசேரி பஸ் நிலையத்திலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் போய்விடலாம்.