வாசலைப் பார்க்கட்டும் கேமரா... அம்மாவை அல்ல!

பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார்கள். ஊரில் பெரிய வீடு. அதில் அப்பா, அம்மா இரண்டே பேர். நம் புதுக்கோட்டை மாவட்டத்தில் இது இன்று சர்வசாதாரணம். கடியாபட்டி, ராயவரம் பக்கம் போனால், ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிகிற வீடுகளைப் பார்க்கலாம். முகப்பில் நின்று கூப்பிட்டால் பின்கட்டில் இருப்பவருக்குக் கேட்காது!

இப்படித் தனியாக இருக்கும் பெரியவர்கள் பலர் என்னிடம் தூக்கத்துக்கு மருந்து கேட்டு வருகிறார்கள். விசாரித்தால் நோயைவிடப் பயம்தான் அதிகம். நாய் குரைத்தால் விழிப்பு. கொல்லையில் தென்னை மட்டை விழுந்தால் விழிப்பு. அடக்கக் கூடாத பதினான்கு வேகங்களில் தூக்கத்தையும் ஒன்றாக வைத்திருக்கிறது சித்த மருத்துவம். தூக்கம் கெட்டால் தலைக்கனம், கண் சிவத்தல் என்று ஒவ்வொன்றாக வரும். இவர்களுக்கு ஒரு கண்காணிப்பு கேமரா மருந்து போலத்தான். ஆனால் மருந்து என்றால் அளவு முக்கியம், அனுபானம் முக்கியம் இல்லையா? கேமராவுக்கும் அப்படியே.

வாங்குமுன்...

கடைக்குப் போகுமுன் ஒரு காகிதத்தில் வீட்டின் படம் போடுங்கள். வெளியாள் உள்ளே வரக்கூடிய வழி எத்தனை? தலைவாசல், கொல்லைக் கதவு, மாடிப்படி, பக்கத்துச் சந்து... அத்தனை கேமரா போதும். சின்ன வீட்டுக்கு இரண்டு, பெரிய வீட்டுக்கு நான்கு. "எட்டு கேமரா செட் மலிவாக் கிடைக்குது சார்" என்று கடைக்காரர் சொன்னால் மயங்காதீர்கள்!

வாடகை வீடு, சின்ன வீடு என்றால் மெமரி கார்டு போடும் வை-ஃபை கேமரா போதும். பழைய செட்டிநாட்டு வீடுகளுக்கு அது சரிவராது. கனமான சுவர்களைத் தாண்டுவதற்குள் வை-ஃபை திணறிவிடும். அங்கே ஒயர் இழுத்து, பதிவுப் பெட்டியோடு இணைக்கும் கேமராதான் நல்லது. அந்தப் பெட்டியை வாசலில் டி.வி. பக்கத்தில் வைக்காமல், உள்ளே பூட்டிய அலமாரியில் காற்றோட்டத்தோடு வையுங்கள். திருடன் முதலில் தேடுவது அதைத்தான்.

2 மெகாபிக்சல் கேமரா வீட்டுக்குப் போதுமானது. சாதாரணமாக இப்படி ஒரு கேமரா ஒரு நாளைக்குச் சுமார் 21 ஜி.பி. பதியும். நான்கு கேமராவுக்கு 1 டி.பி. டிஸ்க் போட்டால் பதினோரு நாள் பதிவு நிற்கும். அதன் பிறகு பழையது அழிந்து புதியது ஏறும். வெளியே மாட்டுகிற கேமராவில் 'ஐ.பி. 66' அல்லது 'ஐ.பி. 67' என்று இருக்க வேண்டும். அப்போதுதான் ஐப்பசி மழை தாங்கும்.

மாட்டும்போது...

* எட்டு முதல் பத்து அடி உயரம் போதும். அதற்கு மேல் போனால் வந்தவரின் உச்சந்தலைதான் தெரியும்!

* முகம் தெளிவாகத் தெரிய, ஆள் பத்துப் பதினைந்து அடிக்குள் வர வேண்டும். தெரு முழுவதையும் பார்க்க ஆசைப்பட்டால் யார் முகமும் தெரியாது.

* காலை வெயிலோ மாலை வெயிலோ நேராக லென்ஸில் விழக் கூடாது.

* ராத்திரி கேமராவின் அகச்சிவப்பு வெளிச்சத்துக்குப் பூச்சி வரும், பூச்சிக்காகச் சிலந்தி வரும். வலை கட்டினால் படம் வெள்ளையாகிவிடும். மாதம் ஒருமுறை மெல்லிய துணியால் துடையுங்கள்.

* கரன்ட் போனால் கேமராவும் போய்விடும். பதிவுப் பெட்டிக்கும் இன்டர்நெட் ரூட்டருக்கும் சேர்த்து யு.பி.எஸ். வையுங்கள். ஆனால் 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நம் பக்கத்துக் கிராமங்கள் எத்தனை நாள் இருட்டில் கிடந்தன என்பது நினைவிருக்கும். அந்த மாதிரி சமயத்தில் பக்கத்து வீட்டு மனிதர்தான் காவல்.

பாஸ்வேர்டு ஜாக்கிரதை!

2016-ல் 'மிராய்' என்ற கணினி வைரஸ் உலகம் முழுக்க லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் பிடித்துக்கொண்டது. காரணம், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றவில்லை! மாட்டிய அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள். மாட்டிக் கொடுத்தவர் தன் செல்போனில் உங்கள் கேமராவை இணைத்திருந்தால், அவர் கிளம்புமுன் நீக்கச் சொல்லுங்கள். 2025 ஏப்ரல் முதல் கேமராக்களுக்குப் பாதுகாப்புச் சோதனையை மத்திய அரசு கட்டாயமாக்கியிருக்கிறது. "எஸ்.டி.க்யூ.சி. சான்று இருக்கா?" என்று கேட்டு, பில்லோடு வாங்குங்கள்.

எங்கே மாட்டக் கூடாது?

இதுதான் முக்கியம். எழுபதைத் தாண்டிய ஓர் ஆச்சி தலைசுற்றல், மலச்சிக்கல், தூக்கமின்மை என்று வந்தார். பேசப் பேசத்தான் விஷயம் வந்தது. வெளிநாட்டிலுள்ள மகன் வளவிலும் படுக்கை அறையிலும் கேமரா வைத்துவிட்டாராம். "மகன் பாசமாத்தான் வச்சிருக்கான் ஐயா. ஆனா மதியம் செத்த காலை நீட்டிப் படுக்க முடியுதா? குளிச்சிட்டு ஈரச் சேலையோட வர முடியுதா?" என்றார். பாத்ரூம் பக்கம் அடிக்கடி போவது தெரியக் கூடாதென்று தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிட்டார்! மகனிடம் போனில் பேசினேன். கேமராக்கள் வாசலுக்கும் கொல்லைக்கும் போயின. ஆச்சியின் செம்பில் மறுபடி தண்ணீர் நிறைந்தது. தூக்கமும் மெல்ல மெல்லத் திரும்பியது.

படுக்கை அறை, குளியலறை, உடை மாற்றும் இடம் மூன்றும் கூடவே கூடாது. ஒருவரின் அந்தரங்கத்தை அனுமதியின்றிப் படம் பிடித்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-இ பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, 2 லட்ச ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். பக்கத்து வீட்டு முற்றம், குழாயடி பக்கமும் திருப்பாதீர்கள். வீட்டு வேலைக்கு வரும் அம்மாவிடம் கேமரா இருப்பதைச் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், அப்பா அம்மாவிடம் "வைக்கலாமா?" என்று கேளுங்கள்.

கேமராவால் முடியாதது

கேமரா பார்க்கும், ஓடிவந்து தூக்காது. ராத்திரி இரண்டு மணிக்குச் சிங்கப்பூரில் செல்போன் சத்தம் போட்டால் மகனால் என்ன செய்ய முடியும்? அதனால் ஐந்து நிமிடத்தில் நடந்து வரக்கூடிய உறவினர் ஒருவரின் போனுக்கும் அந்த எச்சரிக்கை போகட்டும். 112 என்ற அவசர எண்ணையும், முதியோர் உதவி எண் 14567-ஐயும் பெரிய எழுத்தில் சுவரில் ஒட்டுங்கள்.

வயதானவர்களுக்குத் திருடனைவிட வழுக்கி விழுவது பெரிய ஆபத்து. கேமராவுக்குச் செலவழிக்கும்போதே குளியலறையில் ஒரு கைப்பிடிக் கம்பி, வழுக்காத மிதியடி, படுக்கையிலிருந்து அங்கே போகும் வழியில் ஒரு சின்ன விளக்கு ஆகியவற்றையும் பொருத்திவிடுங்கள்.

எண்வகைத் தேர்வு என்று நாங்கள் நோயாளியை எட்டு விதமாகப் பார்ப்போம். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி என்று அது போகும். கேமராவில் நிறமும் நடமாட்டமும் ஓரளவு தெரியலாம். தொட்டுப் பார்க்க அதனால் ஆகாது. ஆகவே தினமும் காலையில் ஒரு போன் போட்டு, "ராத்திரி தூங்கினீங்களாம்மா? சாப்பிட்டீங்களா?" என்று கேளுங்கள். அடுத்த லீவில் ஊருக்கு வந்து, பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துப் பாருங்கள்!