கோடி ரூபாய்ச் சம்பளம்

ஆண்டுக்கு ஒரு கோடி ரூபாய்ச் சம்பளம் என்னும் பேச்சு பெங்களூரிலிருந்து புறப்பட்டு, டில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களின் கூடத்தில் வந்து அமர்ந்துவிடுகிறது. அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தது நம் பிள்ளைக்குக் கிட்டாதா என்று பெற்றோர் ஏங்குகின்றனர். ஏக்கத்தோடு நில்லாமல், ஊரிலுள்ள நிலத்தை விற்றுப் பயிற்சி நிலையங்களில் பணம் கட்டுவோரும் உளர். ஆகவே, அந்தக் கோடி எங்கிருந்து வருகிறது, அதைப் பெறுவதற்கு என்ன வேண்டும் என்பதைச் சற்றே ஆராய்வோம்.

மத்திய அரசாங்க ஊழியராகிய நமக்குச் சம்பளம் என்பது எளிய விஷயம். 2016 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணை, அடிப்படைச் சம்பளத்தை ரூ. 18,000இல் தொடங்கி, அமைச்சரவைச் செயலாளரின் ரூ. 2,50,000இல் முடித்தது. அடிக்கும் உச்சிக்கும் பதினான்கு மடங்கு வித்தியாசங்கூட இல்லை. மொழிபெயர்ப்பாளர் ஒரு பக்கத்தை எவ்வளவு நயம்படப் பெயர்த்தாலும் அட்டவணை அசைவதில்லை; மோசமாகப் பெயர்த்தாலும் அசைவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பெங்களூரும் ஒரு காலத்தில் அத்தகைய அட்டவணைகளின் நகரமாகவே இருந்தது. 1940இல் விமானத் தொழிற்சாலை, 1948இல் தொலைபேசித் தொழிற்சாலை, 1953இல் எச்.எம்.டி., 1954இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. எச்.எம்.டி. 1961 முதல் ஜப்பானின் சிட்டிஸன் கம்பெனியின் துணையோடு கைக்கடிகாரம் செய்தது. அங்கே கைதேர்ந்த தொழிலாளி ஒருவர் இழைத்து முடித்த கடிகாரம் ஒரே ஒரு மணிக்கட்டில்தான் ஏறும். இன்னொருவருக்கு வேண்டுமாயின் இன்னொன்று செய்ய வேண்டும். அவருடைய திறமை எவ்வளவு பெரிதாயினும், ஒரு நாளில் அவர் கை தொடக்கூடிய கடிகாரங்களின் எண்ணிக்கையே அவருடைய ஊதியத்துக்கு வரம்பு கட்டியது.

கணினிக்கு எழுதும் நிரல் அத்தகையதன்று. ஒருமுறை செம்மையாக எழுதப்பட்டால், பத்துப் பேருக்கும் பத்துக் கோடிப் பேருக்கும் அதுவே போதும். இன்போஸிஸ் நிறுவனம் புனேயிலிருந்து பெங்களூருக்கு மாறியது 1983இல். அமெரிக்காவின் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் இங்கே தன் ஆய்வு நிலையத்தைத் திறந்தது 1985இல். அது முதற்கொண்டு, இங்கே அமர்ந்து செய்யும் வேலையின் விலை டாலர் கணக்கில் பேசப்படலாயிற்று.

ஆனால் இங்கேதான் பலர் ஏமாறுகின்றனர். ஒரே கல்லூரியில், ஒரே பட்டம் பெற்ற இருவரில் ஒருவர் ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு லட்சத்தில் தொடங்குகிறார். மற்றவர் அதைப்போலப் பல மடங்கு பெறுகிறார். முதலாமவரின் கம்பெனி அவருடைய உழைப்பு நேரத்தை வாடிக்கையாளருக்கு விற்கிறது. நேரத்தை விற்பது கடிகாரத் தொழிலாளியின் நிலையே. அத்தகைய கம்பெனிகளில் தொடக்கச் சம்பளம் பத்தாண்டுகளுக்கு மேலாகப் பெரிதும் உயராமல் இருந்து வந்திருக்கிறது. இரண்டாமவரின் கம்பெனியோ தன்னுடைய சொந்த மென்பொருளை உலகமெங்கும் விற்கிறது. அவர் எழுதும் பத்து வரிகள் பிழைபட்டால் ஒரே நேரத்தில் பல லட்சம் பேருடைய பணமாற்றம் நின்றுவிடக்கூடும். அந்தப் பொறுப்புக்கே அவ்வளவு விலை.

அப்பொறுப்பை ஒருவரிடம் ஒப்படைக்கும் முன் நான்கைந்து சுற்று நேர்முகத் தேர்வு நடத்துகிறார்கள். முன்பின் பாராத கணக்கொன்றைக் கொடுத்து, அவர் விடை காணும் வழியைக் கவனிக்கிறார்கள். அனுபவமுள்ளவராயின், ஒரு பெரிய அமைப்பை முழுவதுமாக வரைந்து காட்டச் சொல்லி, எந்த இடத்தில் அது முறியும் என்று கேட்கிறார்கள். கணிதத்திலும் கணினியியலின் அடிப்படைகளிலும் ஊறிய மனம் இதற்கு வேண்டும். ஆறு மாதத்தில் இதைப் புகட்டிவிடுவதாகச் சொல்லும் விளம்பரங்களை நாம் நம்புவதில்லை. பெரும்பாலோர் கோடியை எட்டுவது வேலைக்குச் சேர்ந்த நாளிலன்று. பல ஆண்டு அனுபவத்துக்குப் பிறகே.

இனி, அந்தக் கோடியைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம். உதாரணமாக, நியமனக் கடிதத்தில் உள்ள நூறு லட்சத்தில் நிலையான சம்பளம் ஐம்பது, ஊக்கத்தொகை ஐந்து, சேரும்போது ஒருமுறை மட்டும் தருவது ஐந்து, கம்பெனியின் பங்குகள் நாற்பது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஐம்பதுக்குள்ளேயே வருங்கால வைப்பு நிதிக்குக் கம்பெனி செலுத்தும் பங்கும் பணிக்கொடைக்கான ஒதுக்கீடும் அடங்கியிருக்கும். 2025-26ஆம் ஆண்டின் புதிய வரிமுறையில் 24 லட்சத்துக்கு மேற்பட்ட வருமானத்துக்கு வரி 30 சதவீதம். மொத்தம் 50 லட்சத்தைத் தாண்டினால் அவ்வரியின் மேல் 10 சதவீதம் மிகைவரி. இவையெல்லாம் போக மாதந்தோறும் வங்கிக்கு வருவது மூன்று லட்சத்துக்குக் குறைவே. கோடியைப் பன்னிரண்டால் வகுத்து, மாதம் எட்டு லட்சம் என்று எண்ணி வீட்டுக் கடன் வாங்கியவரின் நிலையை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

பங்குகளோ பெரும்பாலும் நான்காண்டுகளில் சிறிது சிறிதாகவே கைக்கு வரும். இடையில் வேலையை விட்டால் மீதி போயிற்று. வந்த நாளின் விலைக்குச் சம்பளம் போலவே வரியும் உண்டு. அந்த விலை நிலையானதும் அன்று. அமேசான் பங்கு 2022ஆம் ஆண்டில் ஏறக்குறையப் பாதி விலைக்கு இறங்கியது. அப்படி நேர்ந்தால் மேற்சொன்ன நாற்பது இருபதாகிவிடும்.

ஆகவே பிள்ளையின் நியமனக் கடிதம் வந்ததும், மாதச் சம்பளத்தில் பிடித்தம் போக நிற்பது எவ்வளவு, பங்குகள் எந்தெந்தத் தேதியில் வரும், ஓராண்டுக்குள் விலகினால் சேரும்போது பெற்ற தொகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமா என்ற மூன்றையும் கேட்டறிந்த பிறகு, வீட்டுக்கு முன்பணம் கொடுக்கச் செல்லலாம்.