வேலையை விடுறதா, இருக்கிறதா? தேய்ந்துகொண்டிருக்கும் நிறுவனத்தில் போட வேண்டிய கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் பேச்சு நடை திருத்தப்பட்டுள்ளது.)

பின்னால் ஹார்ன் சத்தம் கேட்டால் பொறுத்துக்கோங்க. நம்ம வீடு ஐயப்பன்தாங்கல் பஸ் டெப்போவுக்குப் பக்கத்துல. மெட்ரோ வேலை ஆரம்பிச்சதிலிருந்து ராத்திரி பதினொரு மணிக்குத்தான் ரெக்கார்ட் பண்ண முடியுது, அப்பவும் இப்படித்தான்.

இன்னைக்கு எடுத்துக்கிற கேள்வி, நேயர்கள் அடிக்கடி கேட்கிறது. "பெரிய கம்பெனி. சேர்ந்து பல வருஷம் ஆச்சு. கம்பெனி இறங்குமுகத்துல இருக்கு. வேலையிலயும் மனசு ஒட்டலை. ஆனா விடவும் பயமா இருக்கு. என்ன பண்றது?"

இதுக்கு நான் வெளியிலிருந்து பதில் சொல்ல முடியாது. நானே அந்த இடத்தில் இருந்தவன்.

மூணு வாரம் போகாத ரிப்போர்ட்

2005-ல் ஒரு பெரிய நிறுவனத்தில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம், அது இங்கே முக்கியமில்லை. சேரும்போது எங்க பிரிவில் 42 பேர். கடைசியில் 9 பேர். ஆரம்பத்தில் யாராவது கிளம்பினால் கேன்டீனில் கேக் வெட்டுவோம். போகப்போக கேக்கும் நின்னுபோச்சு.

திங்கட்கிழமை தோறும் ஒரு ரிப்போர்ட் அனுப்புவது என் வேலை. 2017-ல் ஒரு வாரம் காய்ச்சல், அனுப்பலை. யாரும் கேட்கலை. அடுத்த வாரம் வேணும்னே அனுப்பாமல் விட்டுப் பார்த்தேன். மூணாவது வாரமும். ஒரு மெயில்கூட வரலை. அன்னைக்கே எனக்குப் புரிஞ்சிடுச்சு.

புரிஞ்ச பிறகும் நாலு வருஷம் அங்கேயே இருந்தேன். காரணம் கேட்டால், வீட்டுக் கடன், அம்மாவோட மருத்துவக் காப்பீடு, சொந்தக்காரங்ககிட்ட சொல்லிக்க ஒரு பெரிய கம்பெனி பேரு. "இன்னும் முடிவு பண்ணலை" என்று சொல்லிக்கிட்டே இருந்தேன். அங்கேதான் தப்பு. முடிவு பண்ணாமல் இல்லை. ஒவ்வொரு மாசமும் "இருப்போம்" என்று முடிவு பண்ணிக்கிட்டுதான் இருந்தேன். கணக்குப் போடாமல் பண்ணினேன், அவ்வளவுதான்.

கணக்குப் போடக் கத்துக்கிட்டது எங்க எதிர் பிளாட் அண்ணன்கிட்ட.

2019: முப்பது நாள் அவகாசம்

அண்ணன் பி.எஸ்.என்.எல் ஊழியர். அந்த நிறுவனத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்றேன். 2000 அக்டோபர் 1-ல் மத்திய அரசின் தொலைத்தொடர்பு சேவைப் பிரிவிலிருந்து தனி நிறுவனமாக உருவானது. 2004-05-ல் பத்தாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் லாபம். 2009-10-லிருந்து நஷ்டம். 2016 செப்டம்பரில் ஜியோ 4ஜி-யோடு சந்தைக்கு வந்தது. பி.எஸ்.என்.எல்-க்கு நாடு தழுவிய 4ஜி அலைக்கற்றை அப்போது இல்லை. 2018-19-ல் வருமானத்தில் சுமார் 75 சதவீதம் ஊழியர் செலவுக்கே போனது.

2019 அக்டோபர் 23-ல் மத்திய அமைச்சரவை மறுசீரமைப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதில் ஒரு பகுதி, 50 வயது நிறைந்தவர்களுக்கு வி.ஆர்.எஸ், அதாவது விருப்ப ஓய்வு. நவம்பர் 4-லிருந்து டிசம்பர் 3 வரை, முப்பது நாளுக்குள் சொல்லிடணும்.

தொகை எப்படி? முடித்த ஒவ்வொரு வருஷ சர்வீஸுக்கும் 35 நாள் சம்பளம். ஓய்வு வயதான 60-க்கு மீதம் இருக்கும் ஒவ்வொரு வருஷத்துக்கும் 25 நாள் சம்பளம். மொத்தத்துக்கு ஒரு உச்சவரம்பும் உண்டு.

அண்ணனுக்கு அப்போ 56 வயசு, 35 வருஷ சர்வீஸ். 35-ஐ 35-ஆல் பெருக்கினால் 1,225 நாள். மீதி நாலு வருஷத்துக்கு 100 நாள். ஆக 1,325 நாள், கிட்டத்தட்ட 44 மாசச் சம்பளம். அவர் இருந்து வேலை பார்த்தாலே மீதி 48 மாசம்தான். போனால் பென்ஷனும் உடனே ஆரம்பம். உச்சவரம்பில் கொஞ்சம் கழிஞ்சாலும் போவதுதான் லாபம்.

இப்போ 50 வயசுக்காரரை எடுத்துக்கோங்க. 26 வருஷ சர்வீஸ் என்று வைங்க. 910-உம் 250-உம் சேர்ந்து 1,160 நாள், சுமார் 39 மாசம். ஆனால் அவருக்கு மீதி இருப்பது 120 மாசம்! ஒரே கம்பெனி, ஒரே திட்டம், ஒரே நஷ்டச் செய்தி. கணக்கு மட்டும் தலைகீழ்.

சுமார் ஒன்றரை லட்சம் ஊழியர்களில் 78,569 பேர் 2020 ஜனவரி 31-ல் வெளியே வந்தாங்க. "இவ்வளவு பேருக்கு எப்படித் தைரியம் வந்தது?" என்று அண்ணனைக் கேட்டேன். சிரிச்சார். "தைரியமெல்லாம் இல்ல தம்பி. காலண்டர் தாளைக் கிழிச்சு பின்பக்கம் எழுதிப் பாத்தேன்" என்றார்.

தாளைக் காட்டினார். இடது பக்கம் 'இருந்தா', வலது பக்கம் 'போனா'. இரண்டு பக்கமும் எண்கள். அடியில் எண் இல்லாமல் ஒரு வரி: 'காலையில எந்திரிச்சு எங்க போறது?' அந்த வரிக்குப் பதில் எழுதத்தான் அவருக்கு இருபது நாள் ஆச்சாம். பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுப்பது என்று முடிவு. ஆரம்பித்த மாசமே கொரோனா ஊரடங்கு வந்தது வேற கதை. கொஞ்ச நாள் போனில் சொல்லிக்கொடுத்தார்.

கம்பெனியோட ஜாதகம் பார்க்காதீங்க

நம்மில் பலர் யோசிப்பது "கம்பெனி பிழைக்குமா?" என்றுதான். 2019-ல் பி.எஸ்.என்.எல் மூடிடும் என்று டீக்கடை முழுக்கப் பேச்சு. மூடலை. 2022-லும் 2023-லும் மறுபடி பெரிய தொகுப்புகள் வந்தன. 2024-25-ன் மூன்றாம் காலாண்டில் 262 கோடி லாபம், 17 வருஷத்துக்குப் பிறகு. அப்போ போனவங்க ஏமாந்தாங்களா? இல்லை. அண்ணன் கணக்கில் கம்பெனி பிழைக்குமா என்ற வரியே கிடையாது.

நேர் எதிர் உதாரணமும் இருக்கு. நம்ம ரோட்டில் பூந்தமல்லி தாண்டி நேரே போனால் ஸ்ரீபெரும்புதூர். 2006-ல் அங்கே நோக்கியா ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2014 ஏப்ரலில் நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரி வழக்கு காரணமாக இந்த ஆலை அந்த விற்பனையில் சேரலை. அதே வருஷம் நவம்பர் 1-ல் உற்பத்தி நின்றது. உலகத்துக்கே போன் செய்த ஆலை, எட்டு வருஷத்தில் முடிஞ்சது. உள்ளே இருந்தவங்கள்ல நிறையப் பேர் இருபதுகளில் இருந்த பிள்ளைகள்.

இரண்டையும் முன்கூட்டியே கணிச்சிருக்க முடியாது. நம்ம தாளை மட்டும்தான் நம்மால் எழுத முடியும்.

உங்க தாளில் என்ன எழுதணும்?

தனியார் வேலையை நாமே விட்டால் வி.ஆர்.எஸ் தொகை வராது. அதனால் நாலு விஷயம் பாருங்க.

முதலில் கிராஜுவிட்டி. ஒவ்வொரு வருஷ சர்வீஸுக்கும் 15 நாள் சம்பளம். கிராஜுவிட்டிக்கான மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து ஒரு நாள் கணக்கு எடுப்பாங்க. ஆறு மாசத்துக்கு மேல் போனால் அது முழு வருஷம். உங்க சர்வீஸ் 12 வருஷம் 5 மாசம் என்றால், இன்னும் இரண்டு மாசம் இருந்துட்டுக் கிளம்புங்க.

இரண்டாவது, பி.எஃப். எடுத்துச் செலவு பண்ணாதீங்க, புது இடத்துக்கு மாத்துங்க. பத்து வருஷம் சேர்ந்தால்தான் ஓய்வூதியத் தகுதி.

மூணாவது மருத்துவக் காப்பீடு. இதைத்தான் பலர் மறந்துடுறாங்க. கம்பெனி பாலிசி கடைசி வேலை நாளோட பெரும்பாலும் முடிஞ்சிடும். தனியாக எடுத்தால், ஏற்கெனவே இருக்கிற சுகர், பிரஷர் மாதிரி நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. அதனால் ராஜினாமாவுக்கு முன்னாடியே எடுங்க.

நாலாவது, சம்பளமே இல்லாமல் எத்தனை மாசம் வீடு ஓடும்? இதைத் தனியா எழுதாதீங்க. என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான், நான் எழுதின வீட்டுச் செலவு நிஜத்தில் முக்கால்வாசிகூட இல்லை என்று தெரிஞ்சது.

இதெல்லாம் முடிஞ்சதும், அண்ணன் மாதிரி அடியில் எண் இல்லாத ஒரு வரி. நான் எழுதினது: 'போன ஒரு வருஷத்துல புதுசா என்ன கத்துக்கிட்டேன்?' என் பதில் வெறும் கோடு.

தேதி போட்டு இருப்பது

2019 டிசம்பரில் அம்மாவுக்குத் தனியாகப் பாலிசி எடுத்தேன். அதில் இரண்டு வருஷக் காத்திருப்பு. அதனால் தாளில் ஒரு தேதி எழுதினேன்: 2021 டிசம்பர். அதுவரை இருந்தேன். அதே நாற்காலி, அதே ரிப்போர்ட். ஆனால் முதல் இரண்டு வருஷம் பயந்து இருந்தது, அடுத்த இரண்டு வருஷம் தேதி வச்சு இருந்தது. சாயங்காலங்களில் படிக்க உட்கார்ந்தேன், இன்டர்வியூவுக்குப் போனேன். பயந்து இருந்தப்போ இது எதுவும் செய்யலை.

எல்லாரும் விட்டே ஆகணும் என்று நான் சொல்லலை. கணக்குப் போட்டு "இருப்பேன்" என்று முடிவு பண்ணினால் அதுவும் சரியான முடிவுதான். எது வரைக்கும் என்று ஒரு தேதி மட்டும் போட்டுக்கோங்க.

இப்போ அம்பத்தூரில் ஒரு சின்ன கம்பெனி. ஆரம்பச் சம்பளம் பழையதைவிடக் குறைவுதான். முதல் வருஷம் கஷ்டமாகவே இருந்தது, மறைக்க விரும்பலை. இங்கேயும் எனக்குத் திங்கட்கிழமை ரிப்போர்ட் உண்டு. பத்து மணிக்குப் போகலைன்னா பத்தேகாலுக்கு போன் வந்துடும்.

உங்க தாளில் அடியில் எழுதின அந்த ஒரு வரி என்னன்னு எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.