கொன்றது யார் என்பதற்கு முன்னால்

துப்பறியும் கதை என்றால் தொடக்கத்திலேயே ஒரு கொலை நடந்தாக வேண்டும். அதைச் செய்தது யார் என்ற கேள்வி நம்மைக் கடைசிவரை இழுத்துப் போக வேண்டும். நூற்றாண்டுக்கும் மேலாக உலகெங்கும் இந்த வகைக் கதைகள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்லப்படுகின்றன. 2018 ஜனவரி முதல் மார்ச் வரை ஜப்பானின் டிபிஎஸ் தொலைக்காட்சியில் வெள்ளிக்கிழமை இரவுகளில் பத்து வாரம் ஒளிபரப்பான ‘அன்நேச்சுரல்’ தொடர் அந்த இடத்துக்கும் ஒரு படி முன்னாலிருந்து தொடங்குகிறது. ஓர் உடல் வருகிறது. நடந்தது கொலையா, நோயா, விபத்தா, தற்கொலையா என்பது யாருக்கும் தெரியாது. ‘யார் கொன்றார்கள்’ என்று கேட்பதற்கு முன் ‘எப்படி இறந்தார்’ என்று கேட்டாக வேண்டும். முதல் கேள்வியைக் கேட்காமல் விடும் சமூகத்தில் இரண்டாவது கேள்வி பிறப்பதே இல்லை. தொடரின் வாதம் இதுதான். இந்தக் கேள்வியை ஒரு பெண்ணின் வாயிலிருந்து வரவைத்ததில்தான் அந்த வாதம் முழு வலுவைப் பெறுகிறது என்பது என் கருத்து.

கதை டோக்கியோவில் நடக்கிறது. இயல்புக்கு மாறான மரணங்களை ஆராய்வதற்கென்றே அமைந்த யூடிஐ ஆய்வகம் என்ற கற்பனை நிறுவனத்தில் தடயவியல் மருத்துவராக வேலை செய்கிறார் மிசுமி மிகோத்தோ. அந்தப் பாத்திரத்தில் நடித்தவர் சதோமி இஷிஹாரா. திரைக்கதை எழுதிய அகிகோ நோகி, முதன்மை இயக்குநர் அயுகோ த்சுகஹாரா, தயாரிப்பாளர் ஜுன்கோ அராய் மூவருமே பெண்கள். முதல் அத்தியாயமே தொடரின் வழிமுறையைச் சொல்லிவிடுகிறது. ஓர் இளைஞர் திடீரென்று இறந்துபோகிறார். இதயக் கோளாறு என்று கோப்பை மூடிவிடுகிறார்கள். பெற்றோருக்கு மனம் ஒப்பவில்லை. அவரோடு வேலை பார்த்த பெண்ணும் இறந்தது தெரியவந்ததும், நச்சுப் பொருள்களோடு புழங்கும் வேலையில் இருக்கும் அவருடைய வருங்கால மனைவிமீது சந்தேகம் விழுகிறது. ஆனால் உடலில் எந்த நஞ்சும் அகப்படவில்லை. சிறுநீரகம் பழுதாகியிருப்பது மட்டும் தெரிகிறது. கடைசியில் அது மெர்ஸ் என்னும் சுவாசத் தொற்றுநோயின் கிருமி என்று கண்டுபிடிக்கிறார்கள். அவர் சவுதி அரேபியாவுக்குப் போய்வந்தவர் என்பதால், நோயைச் சுமந்துவந்து ஊருக்குப் பரப்பியவர் என்று மொத்தப் பழியும் இறந்தவர் தலையிலும் பெற்றோர் தலையிலும் விழுகிறது. சாதாரணத் தொடர் இங்கே முடிந்திருக்கும். மிகோத்தோ இன்னும் ஒரு கேள்வி கேட்கிறார்: தொற்றோடு திரும்பியவர் என்றால், நாட்கணக்கில் அவருக்கு ஏன் ஒன்றும் செய்யவில்லை? அந்த ஒரு கேள்வி, ஊர் திரும்பியபின் அவர் பரிசோதனைக்காகப் போன பெரிய மருத்துவமனையின் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது. நோய் அங்கிருந்துதான் அவருக்கு வந்திருக்கிறது. 2015-ல் தென்கொரியாவில் மெர்ஸ் பெரும்பாலும் மருத்துவமனைகளுக்குள்ளேயே பரவியது என்பதை நினைத்தால், இது எழுத்தாளர் வலிந்து புகுத்திய திருப்பமாகத் தெரியாது.

இப்படி ஒரு கதையை ஜப்பானில் சொல்ல வேண்டிய தேவை என்ன? அந்நாட்டில் ஆண்டுதோறும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட சடலங்கள் காவல்துறையின் கைக்கு வருகின்றன. தொடர் வெளிவந்த காலத்தில் அவற்றில் ஏறக்குறைய எட்டில் ஒன்றுக்குத்தான் உடற்கூறாய்வு நடந்தது. சில மாகாணங்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு என்ற அளவுக்கும் அது இறங்கியது. மற்றவை வெளிப்பார்வைப் பரிசோதனையோடு முடிந்துவிடும். போலீஸ்காரரும், அவர் அழைத்துவரும் உள்ளூர் மருத்துவரும் உடலைப் பார்ப்பார்கள். சந்தேகப்பட ஒன்றும் இல்லை என்று பட்டால் இதயச் செயலிழப்பு என்பதுபோல எழுதிக் கையெழுத்திடுவார்கள். உடற்கூறாய்வில் தேர்ந்த தடயவியல் மருத்துவர்கள் நாடு முழுவதும் இருநூறு பேர்கூட இல்லை. இதன்மேல் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜப்பானில் இறந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேற்பட்டவர்கள் தகனம் செய்யப்படுகிறார்கள். புதைத்த உடலைத் தோண்டியெடுத்து மறுபடி ஆராயலாம். சாம்பலிடம் எதையும் கேட்க முடியாது. ஆகவே இறந்த சில நாட்களுக்குள் ஒருவர் ‘வேண்டாம்’ என்று எடுக்கும் முடிவு, என்றைக்குமான முடிவாகிவிடுகிறது.

இது வெறும் அச்சம் அல்ல என்பதற்கு ஜப்பானின் அண்மை வரலாறே சாட்சி. 2007-ல் ஐச்சி மாகாணத்தில் சுமோ பயிற்சிக் கூடம் ஒன்றைச் சேர்ந்த பதினேழு வயது இளைஞர் இறந்தபோது, முதலில் அதை நோயால் வந்த மரணமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். குடும்பத்தார் உடலைச் சொந்த ஊரான நீகாத்தாவுக்குக் கொண்டுபோய் உடற்கூறாய்வு கேட்ட பிறகே, அவர் அடித்துத் துன்புறுத்தப்பட்டு இறந்தது வெளியே வந்தது. கூடத்தின் தலைவர் சிறைக்குப் போனார். 2013 டிசம்பரில் கியோத்தோ மாகாணத்தில் இறந்த முதியவர் ஒருவரின் உடலில் சயனைடு இருந்தது. அவருடைய மனைவி மறு ஆண்டு கைதானார். அந்தப் பெண்ணோடு அதற்கு முன் வாழ்ந்த ஆண்கள் சிலர் இறந்தபோது யாரும் சந்தேகப்படவில்லை, நோய் என்றே முடித்திருந்தார்கள். முதல் மரணத்தையே உரியபடி ஆராய்ந்திருந்தால் பின்னால் வந்தவர்கள் உயிரோடு இருந்திருக்கலாம் என்ற எண்ணத்தை யாராலும் தள்ளிவிட முடியாது. மரணத்தின் காரணத்தைத் தேடுவது செத்தவருக்குச் செய்யும் மரியாதை மட்டும் அல்ல, இருப்பவர்களைக் காக்கும் வேலையும்கூட என்று தொடர் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். மரணக் காரணத்தை ஆராய்வதற்கான அடிப்படைச் சட்டத்தை ஜப்பான் நாடாளுமன்றம் 2019-ல் நிறைவேற்றியது. 2020 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. அதற்கு இந்தத் தொடர்தான் காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் நிபுணர்கள் பல்லாண்டாகச் சொல்லிவந்த ஒரு குறையை வெள்ளிக்கிழமை இரவில் சாதாரணக் குடும்பங்களின் வரவேற்பறைக்கு அது கொண்டுவந்தது.

இனி நாயகியைப் பற்றி. ஜப்பானியத் தொலைக்காட்சிக்குப் பெண் துப்பறிவாளர்கள் புதியவர்கள் அல்லர். கியோத்தோவின் தடயவியல் ஆய்வகத்தில் நடக்கும் ‘கசோகென் நோ ஒன்னா’ 1999-ல் தொடங்கிப் பல பருவங்கள் ஓடியது. 2006-ல் வந்த ‘அன்ஃபேர்’ தொடரில் ரியோகோ ஷினோஹாராவும், தெத்சுயா ஹோண்டாவின் நாவல்களைத் தழுவி 2010-ல் சிறப்புப் படமாகவும் 2012-ல் தொடராகவும் வந்த ‘ஸ்ட்ராபெரி நைட்’டில் யூகோ தகேயுச்சியும் காவல்துறைப் புலனாய்வாளர்களாக வந்தார்கள். பின்சொன்ன இரண்டிலும் நாயகியரின் திறமைக்குப் பின்னால் ஒரு காயம் இருக்கிறது. ஒருத்தியின் குடும்பம் உடைந்திருக்கிறது. மற்றவள் இளம் வயதில் வன்முறைக்கு ஆளானவள். காயம்தான் அவர்களுக்குக் கூரிய பார்வையைத் தருகிறது என்று கதை நம்மை நம்பவைக்கிறது. மிகோத்தோவுக்கும் கொடூரமான கடந்தகாலம் உண்டு: தாய் தன் குடும்பத்தையே கொன்று தானும் இறந்தபோது தப்பிய குழந்தை அவர். ஆனால் அவருடைய திறமை அதிலிருந்து முளைத்ததாகத் தொடர் காட்டவே இல்லை. படித்ததும், அளந்ததும், மறுபடி சரிபார்த்ததும்தான் அவருடைய பலம். அறுத்து முடித்தபின் வயிறாரச் சாப்பிடுகிறார், தோழியோடு பேசுகிறார், வீட்டுக்குப் போய்த் தூங்குகிறார். தவறான ஊகம் ஒன்று அகப்பட்டால் அதை விட்டுவிட்டு அடுத்ததைத் தேடுகிறார். மேதைமையும் உள்ளுணர்வும் துப்பறிவாளரின் அடையாளங்களாக இருந்த ஒரு வகையில், ஒழுங்கான வேலையையே வீரமாகக் காட்டியது இந்தத் தொடரின் பெரிய துணிவு.

அந்த ஒழுங்கான வேலையை ஒரு பெண் செய்யும்போது என்ன நடக்கிறது என்பதை மூன்றாம் அத்தியாயம் காட்டுகிறது. மனைவியைக் கத்தியால் குத்திக் கொன்றதாகக் கணவர்மீது வழக்கு. அரசுத் தரப்பில் நிபுணர் சாட்சியாக, சக மருத்துவர் ஒருவருக்குப் பதிலாகப் போகும் மிகோத்தோ, ஆதாரமாகக் காட்டப்படும் கத்தியும் காயமும் பொருந்தவில்லை என்று அங்கேயே சொல்லிவிடுகிறார். குற்ற வழக்குகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் தண்டனையில் முடியும் நாட்டில் அது சிறிய காரியம் அல்ல. அரசு வழக்கறிஞர் அவருடைய அறிவியலுக்குப் பதில் சொல்லவில்லை. பெண் என்பதால் உணர்ச்சிவசப்படுகிறார் என்று அவரையே சிறுமைப்படுத்துகிறார். கொடுமை என்னவென்றால், யாரைக் காப்பாற்ற அவர் நிற்கிறாரோ அந்தக் குற்றம்சாட்டப்பட்டவரும் ஒரு பெண்ணின் பேச்சை நம்பத் தயாராக இல்லை. கடைசியில் சாட்சிக் கூண்டில் ஏறி அதே உண்மையைச் சொல்லி வெற்றி பெறுவது, நகாதோ என்னும் ஆண் மருத்துவர். ஓர் உண்மை எடுபடுமா என்பது அதைச் சொல்பவர் யார் என்பதைப் பொறுத்திருக்கிறது என்ற கசப்பைத் தொடர் பூசி மெழுகவில்லை. ஒளிபரப்பு முடிந்து ஐந்து மாதத்துக்குள், 2018 ஆகஸ்டில், டோக்கியோ மருத்துவப் பல்கலைக்கழகம் நுழைவுத் தேர்வில் பெண்களின் மதிப்பெண்ணைப் பல ஆண்டுகளாகத் திட்டமிட்டுக் குறைத்துவந்தது அம்பலமானது. அன்று மருத்துவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் பெண் என்றிருந்த நாட்டில் அந்த நீதிமன்றக் காட்சி கற்பனையின் மிகை அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. கேட்கப்படாத மரணங்களையும் கேட்கப்படாத குரல்களையும் ஒரே மேசையில் வைத்ததுதான் அகிகோ நோகியின் சாதனை.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றில் வலுவானவையும் உண்டு. யூடிஐ ஆய்வகம் போன்ற ஒன்று ஜப்பானில் இல்லை. நவீனக் கருவிகளும் போதிய ஆட்களும் கொண்ட ஓர் இடத்தைக் காட்டி, உண்மை நிலையைத் தொடர் மறைக்கிறது என்று சொல்லலாம். தொடர் இதை ஒளிக்கவில்லை என்பதே என் பதில். உடற்கூறாய்வு எவ்வளவு குறைவாக நடக்கிறது என்பதைப் பாத்திரங்களே பேசுகிறார்கள்; அந்தக் குறையைத் தீர்ப்பதற்காகத்தான் ஆய்வகம் அமைந்ததாகக் கதை சொல்கிறது. அதன் நிதியும் பாதுகாப்பாக இல்லை, மேலிருந்து அழுத்தமும் வருகிறது. இல்லாத ஒன்றை இருப்பதாகக் காட்டுவது ஏமாற்று. இருக்க வேண்டியதைக் காட்டி, அது ஏன் இல்லை என்று கேட்கவைப்பது வேறு.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. மரணத்தின் சாதாரணக் காரணங்களைப் பேசிய தொடர் கடைசியில் ஒரு தொடர்கொலைகாரனிடம் போய்ச் சேர்ந்துவிட்டதே, பழைய பாதைக்கே திரும்பிவிட்டதல்லவா? தேன் கேக் தயாரிக்கும் ஆலையில் ஓய்வில்லாமல் உழைத்த தொழிலாளி ஒருவர் மோட்டார் சைக்கிளில் போகும்போது இறக்க, பொறுப்பை ஆலையும் மருத்துவமனையும் வண்டிக் கடையும் மாறி மாறித் தள்ளிவிடும் நான்காம் அத்தியாயத்தோடு ஒப்பிட்டால், கொடியவன் ஒருவனைத் தேடிப்போகும் இறுதிப் பகுதி எளிதான வழியாகத் தோன்றும். இந்தக் குறையை நான் ஓரளவு ஏற்கிறேன். ஆனால் அந்த முடிவும் தொடக்கத்தில் எழுந்த கேள்வியாலேயே நடத்தப்படுகிறது. அரசுத் தரப்பு வழக்கில் வெல்வதற்காக, உடற்கூறாய்வு அறிக்கையை மாற்றித் தரும்படி கேட்கிறது. கொலைகாரன் தப்பிவிடலாம் என்ற நிலையிலும் ஆய்வகம் அதை மாற்றவில்லை. வழக்கைத் திருப்பும் தடயம், பல ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் டென்னஸியில் எரிக்காமல் புதைக்கப்பட்ட ஒரு பெண்ணின் உடலிலிருந்து கிடைக்கிறது. ஜப்பானில் தகனம் செய்திருந்தால் அது கிடைத்தே இருக்காது. நல்ல நோக்கத்துக்காகக்கூட உண்மையை வளைக்கக் கூடாது என்ற உறுதியும், ஓர் உடலை முறையாகக் காப்பதன் அருமையும் இந்த முடிவில் சேர்ந்தே வெளிப்படுகின்றன.

தடயவியல் மருத்துவரைத் துப்பறிவாளர் என்று சொல்லலாமா என்ற கேள்வியும் எழுப்பப்படலாம். மிகோத்தோ யாரையும் துரத்திப் பிடிப்பதில்லை, கைது செய்வதில்லை. ஆனால் துப்பறிவாளரின் முதல் கடமை தடயத்தை அதன் போக்கில் பின்தொடர்வது என்றால், அந்தக் கடமையை அவரளவுக்குத் தூய்மையாகச் செய்யும் பாத்திரங்கள் இந்த வகையில் மிகக் குறைவு. குற்றவாளியைப் பிடிக்கும் ஆசையே புலனாய்வைக் கெடுக்கக்கூடும். மனத்தில் ஒருவரைக் குற்றவாளியாக்கிவிட்டுத் தடயம் தேடுபவர் தனக்குச் சாதகமானதையே பார்ப்பார். அந்த ஆசை இல்லாதவர் கையில் புலனாய்வு நேர்மையாகிறது. இதே கூட்டணி அடுத்து எடுத்த ‘எம்ஐயூ 404’ தொடரும் (2020), அதே கதையுலகில் நடக்கும் ‘லாஸ்ட் மைல்’ திரைப்படமும் (2024) இந்தக் கேள்வியை வேலைச் சுமையும் அவசரமும் நிறைந்த நகர வாழ்க்கைக்கு விரித்துக்கொண்டு போயின. அவற்றிலும் ஒரு தீயவனைப் பிடித்துவிட்டால் கணக்கு தீர்ந்தது என்ற ஆறுதல் நமக்குக் கிடைப்பதில்லை.

குற்றக் கதைகளை நாம் விரும்புவதற்கு ஒரு காரணம், அவை உலகத்தை ஒழுங்குபடுத்தித் தருகின்றன என்பது. கெட்டவர் சிக்கினால் நாம் நிம்மதியாகத் தூங்கலாம். ‘அன்நேச்சுரல்’ அந்த நிம்மதியைக் கொஞ்சம் தள்ளிவைத்து, ஒவ்வொரு மரணத்துக்கும் காரணம் கேட்கும் உரிமை எல்லோருக்கும் உண்டா என்று கேட்கிறது. பணமும் செல்வாக்கும் உள்ளவர் இறந்தால் விசாரணை தானாக நடக்கும். தனியே வாழ்ந்த முதியவரும், ஆலைத் தொழிலாளியும், யாரும் தேடாத இளம்பெண்ணும் இறந்தால், கேட்பதற்கென்று பயிற்சி பெற்ற ஒருவர் அரசுச் செலவில் இருந்தாக வேண்டும். அந்த ஒருவரின் சொல், அவர் ஆணா பெண்ணா என்று பார்க்காமல், ஆதாரத்தைப் பார்த்து எடைபோடப்படவும் வேண்டும். இந்த இரண்டையும் ஒரு பொழுதுபோக்குத் தொடர் இவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்கிறது என்பதற்காகவே, குற்றக் கதைகளில் ஈடுபாடு இல்லாதவர்களும் இதைத் தேடிப் பார்க்கலாம்.