யூக்கான் ஆறும் வாடகைத் தோணியும்

யூக்கான் ஆற்றின் தலைநீர் ஓடைகளுள் சில, வட அமெரிக்காவின் மேலைக் கடற்கரையை ஒட்டிய சில்கூட் கணவாயின் வடசரிவில் பிறக்கின்றன. கணவாயின் மறுபுறம் இறங்கினால் ஓரிரு நாள் நடையில் கடல். மலையின் இப்புறம் சாய்ந்துவிட்ட ஒரே காரணத்தால் அந்நீர் வடக்கே திரும்பி, கனடாவின் யூக்கான் ஆட்சிப்பகுதியையும் அலாஸ்காவையும் கடந்து, 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிப் பெரிங் கடலைச் சேர்கிறது. இவ்வழியில் ஒயிட்ஹார்ஸ் நகரிலிருந்து டாசன் நகர் வரையுள்ள ஏறத்தாழ 715 கிலோமீட்டர் நீர்வழியைத் தேடிக் கோடைதோறும் பல நாட்டார் வருகின்றனர். கேனோ எனப்படும் துடுப்புத் தோணி, துடுப்புகள், மிதவையங்கி, உணவுப் பீப்பாய், கூடாரம் ஆகியவற்றை ஒயிட்ஹார்ஸ் கடையொன்றில் வாடகைக்கு எடுத்து, இரு வார அளவில் ஆற்றோடு சென்று, டாசனில் திருப்பிக் கொடுப்பது வழக்கம். நடுவே கார்மாக்ஸ் என்னும் சிற்றூர் ஒன்றுதான் உண்டு. வழிகாட்டி எவரும் உடன் வருவதில்லை.

வழிகாட்டி இல்லாத தோணியில் அவருடைய இடத்தை எது நிரப்புகிறது? கடைக்காரர் எடுத்துவைக்கும் பொருள்கள் ஒவ்வொன்றும் இயற்கையின் ஏதேனும் ஒரு விதிக்கு எழுதப்பட்ட விடை. விதியை அறியாதவர் கையில் அவ்விடை வெறுஞ்சுமை. இதனினும் முதன்மையான உண்மை ஒன்று உண்டு. எதற்கு அஞ்ச வேண்டும் என்பதை மாந்தரின் கண்ணும் காதும் தவறாகவே கற்பிக்கின்றன. நுரைத்து முழங்கும் பாய்நீரைக் கண்டு நெஞ்சு படபடக்கிறது. அமைந்து கிடக்கும் ஏரியைக் கண்டு அது தளர்ந்து மகிழ்கிறது. இவ்வழியிலோ கணக்கு நேர்மாறானது.

1896ஆம் ஆண்டு ஆகஸ்டில், டாசனருகே யூக்கானில் கலக்கும் கிளாண்டைக் ஆற்றின் கிளையோடை ஒன்றில் பொன் கண்டெடுக்கப்பட்டது. 1898 வசந்தத்தில், ஆற்றின் தலைப்பகுதியிலுள்ள பெனட் ஏரியின் பனி உடைந்ததும், தங்கள் கையாலேயே அறுத்த பலகைகளால் கட்டிய படகுகளில் அப்பொன்னைத் தேடி ஆயிரக்கணக்கானோர் புறப்பட்டனர். மைல்ஸ் மலையிடுக்கிலும் ஒயிட்ஹார்ஸ் பாய்நீரிலும் படகுகள் பல சிதைந்தன, உயிர்களும் மாய்ந்தன. வடமேற்கு ஊர்காவற் படையின் அதிகாரி சாம் ஸ்டீல் அங்கே ஆணையிட்டார்: தேர்ந்த படகோட்டி இல்லாமல் எப்படகும் இறங்கக்கூடாது; பெண்களும் குழந்தைகளும் கரைவழியே நடந்து செல்ல வேண்டும். படகுகளுக்கு எண் இட்டு, ஏறியவர் பெயர்களையும் அவர் படையினர் பதிந்துவைத்தனர். இன்று கடையில் நாம் எழுதிக்கொடுக்கும் பயணத் திட்டத்திற்கும் நோக்கம் அதுவே. குறித்த நாளில் வந்து சேராதவரைத் தேட வேண்டுமாயின், தேடுவோர்க்கு ஒரு தொடக்கப்புள்ளி வேண்டும். அந்தப் பாய்நீர் இப்போது இல்லை. 1958இல் எழுந்த அணை அதை ஷ்வாட்கா ஏரியின் அடியில் மூழ்கடித்தது. வாடகைத் தோணிகள் அணைக்குக் கீழேயே நீரில் இறங்குகின்றன. வரலாறு அஞ்சிய இடம் மறைந்துவிட்டது. அதற்கு அடுத்து வரும் லபார்ஜ் ஏரி அப்படியே இருக்கிறது.

லபார்ஜ் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமுள்ளது. அகலம் சில கிலோமீட்டர். நீரோட்டம் இங்கே உதவாது. கை வலிக்கத் துடுப்பு வலித்தே ஆக வேண்டும். அலையின் உயரத்தை மூன்று அளவுகள் தீர்மானிக்கின்றன: காற்றின் விரைவு, அது வீசும் நேரம், தடையின்றி நீர்மேல் அது ஓடிவரும் தொலைவு. ஏரி வடக்கும் தெற்குமாக நீண்டு கிடக்க, மலைகள் காற்றையும் அத்திசையிலேயே செலுத்துவதால், மூன்றாம் அளவு இங்கே மிகப் பெரிது. அலையின் ஆற்றலோ உயரத்தின் இருமடியைப் பொறுத்தது. அரை மீட்டர் அலை ஒரு மீட்டராக உயர்ந்தால் ஆற்றல் இரண்டு மடங்கன்று, நான்கு மடங்கு. காலையில் கண்ணாடியாய்க் கிடந்த ஏரி நண்பகலுக்குள் தோணியின் விளிம்பைத் தாண்டி நீரை எறியக்கூடும். கரையை ஒட்டியே செல், குடாக்களைக் குறுக்காகக் கடந்து நேரம் மிச்சப்படுத்த எண்ணாதே, காற்று எழுந்தால் கரையேறிக் காத்திரு என்று பட்டறிந்தோர் சொல்வது இதனால்தான். காத்திருப்பதற்கென்றே ஓரிரு நாள்களைத் திட்டத்தில் ஒதுக்காதவர், வாடகை முடியும் நாளைக் காட்டித் தம்மைத் தாமே விரட்டிக்கொண்டு காற்றில் இறங்குகிறார். என் கணிப்பில், தவறுகளுள் மிகக் கொடியது அதுவே.

கவிழ்ந்தால் என்ன ஆகும்? மாந்தர் உடலின் அடர்த்தி நீரின் அடர்த்தியை ஒட்டியதே. நீருள் ஓர் ஆளைத் தாங்கிப்பிடிக்கச் சில கிலோ எடைக்கான மிதப்புவிசையே போதும். வாடகைக் கடைகள் தரும் மிதவையங்கி ஏறத்தாழ 7 கிலோ அளவு தருகிறது. ஆகவே மூழ்குதல் முதற் கவலையன்று; குளிர்தான் கவலை. நீர், காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். பனி உருகிச் சேர்ந்த இவ்வேரியின் நீர் கோடை நடுவிலும் கையை மரக்கச் செய்யும். ஆற்றின் பனி உடைந்து ஓடிய பின்னும், ஓட்டமில்லாத ஏரியின் பனிப்பாளம் மே மாத இறுதி வரை நின்றுவிடுவதுண்டு. மானிட்டோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட், குளிர்நீரில் தம் உடலையே ஆய்வுப்பொருளாக்கி ஆராய்ந்தவர். அவர் பரப்பிய நெறி மூன்று எண்களால் ஆனது: ஒன்று, பத்து, ஒன்று. குளிர்நீர் உடலைத் தாக்கியதும் மூச்சு தானாகவே திணறி இழுக்கும். அதை அடக்க ஒரு நிமிடம். விரல்களும் தோள்களும் சொன்னபடி கேட்பது ஏறத்தாழப் பத்து நிமிடம். உடல்வெப்பம் குன்றி நினைவிழக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம். முதல் நிமிடத்தின் திணறலில் வாய் நீருக்கு மேலே இருக்கச் செய்வது மிதவையங்கி ஒன்றே. அதைக் கழற்றித் தோணியின் இருக்கைக்கடியில் செருகி வைத்திருப்பவர், கவிழ்ந்த பிறகு குளிரில் தவிக்கும் விரல்களால் அதை அணிய முயல்வார். அணியும் நேரம் தோணியில் ஏறுவதற்கு முன்பே. பின்பு அதற்கு வாய்ப்பில்லை.

ஐந்து மீட்டர் நீளமுள்ள வெற்றுத் தோணி நீரால் நிரம்பினால் அரை டன்னுக்கும் மேல் எடை ஏறும். அந்நீர் அசையும் போதெல்லாம் தோணியின் சமநிலை குலையும். சுமையை வலைபோல் கட்டி இறுக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். காற்றுப்புகாது மூடிய பீப்பாய்களும் நீர்புகாப் பைகளும் இருக்கும் இடத்தில் நீர் இருக்க முடியாது. கட்டிய பொருள் தானே மிதவையாகிறது. கட்டாத பொருளோ ஆற்றோடு முன்னே போய்விடும், உணவும் உடையும் உட்பட. தோணியின் மேல் விரிக்கும் நீர்த்தடுப்புத் துணியைக் கூடுதல் கட்டணம் என்று கருதி ஒதுக்குவோரும் உளர். லபார்ஜைக் கடப்பவர்க்கு அது வாடகைப் பட்டியலின் முதல் வரியில் இருக்க வேண்டியது.

தோணியின் உடற்பொருள் தனி வரலாறு. இந்நாட்டின் முதல் மக்கள் பூர்ச்ச மரப்பட்டையைக் கிழித்தெடுத்து, மரத்தின் மெல்லிய வளைகோல்களால் விரித்து, ஸ்புரூஸ் மரவேரால் தைத்து, அதன் பிசினால் இணைப்புகளை அடைத்தனர். கிழிந்தால் காட்டிலேயே செப்பனிடத்தக்க தோணி அது. இரண்டாம் உலகப்போர் முடியும் வேளையில், வானூர்தி செய்த கிரம்மன் நிறுவனம் அலுமினியத் தகட்டில் தோணி அடிக்கத் தொடங்கியது. பின்னர் வந்த ராயலெக்ஸ், நுரைத்த நெகிழிக்கு இருபுறமும் திண்ணிய நெகிழித் தோல் போர்த்திய அடுக்குப்பொருள். பாறையில் மோதி மடிந்த தோணியும் மிதித்து நிமிர்த்தினால் பெரும்பாலும் வடிவு மீளும். நாற்பதாண்டளவு ஆற்றுத்தோணிகளுக்கெல்லாம் அரசாக விளங்கிய அப்பொருளின் ஆக்கம் 2010களின் நடுவே நின்றுபோயிற்று. இன்று பாலித்தீன் அடுக்குத் தோணிகளும், ராயலெக்ஸின் இடத்தை நிரப்பக் கியூபெக்கில் ஆக்கப்பட்ட டி-ஃபார்மெக்ஸ் தோணிகளும் கடைகளில் அடுக்கப்பட்டுள்ளன. 1965இல் டூபாண்ட் ஆய்வகத்தில் ஸ்டெஃபனி குவோலெக் கண்ட கெவ்லார் இழையால் ஆன தோணி இருபது கிலோவை ஒட்டியே நிற்கும். பாலித்தீன் தோணி நாற்பதை நெருங்கும். ஏரியிலிருந்து ஏரிக்குத் தோளில் சுமந்து செல்லும் நிலத்தில் முன்னது தகும். சுமந்து கடக்கும் இடமே இல்லாத, கூழாங்கல் திட்டுகளில் அடிவயிறு உராயும் யூக்கானில் கனமான நெகிழியே அறிவுடைய தேர்வு. இலேசானதே உயர்ந்தது என்று விலைப்பட்டியலைப் பார்த்து முடிவு செய்வது பிழை.

லபார்ஜ் முடிந்ததும் நீர் விரைந்து, பளிங்காகத் தெளிந்து ஓடுகிறது. ஹூட்டலின்குவாவில் டெஸ்லின் ஆறு சேர்கிறது. அப்பால் பெரிய சால்மன் ஆறும் சிறிய சால்மன் ஆறும் வருகின்றன. பழைய நீராவிக் கப்பல்களின் எலும்புக்கூடுகள் கரைகளில் கிடக்கின்றன. கரை அரிந்த இடங்களில், மேல்மண்ணுக்குச் சற்றுக் கீழே ஒரு வெண்கோடு நெடுந்தொலைவு உடன் வருவதைக் காணலாம். ஏறத்தாழ 1,200 ஆண்டுகளுக்கு முன் அலாஸ்கா எல்லையை ஒட்டிய எரிமலை வெடித்து உதிர்த்த சாம்பல் அது. அந்தக் கோட்டுக்கு மேலுள்ள மண் முழுதும் அதன்பின் விளைந்தது. ஆள்நடமாட்டமில்லாக் காடு என்று வந்தவர் எண்ணும் இந்நிலம், வடக்குத் துட்சோனி மக்களின் வீடு. ஹட்சன் விரிகுடா நிறுவனம் 1848இல் பெல்லி ஆற்றுக் கூடலில் வணிகக் கோட்டை எழுப்பும் முன்பே அவர்களின் சந்தை அங்கே நடந்தது. அக்கோட்டையான ஃபோர்ட் செல்கர்க்கை இன்று காப்பவருள் அவர்களும் உளர்.

ஐவிரல் பாய்நீர் கார்மாக்ஸுக்குக் கீழே இருக்கிறது. நான்கு பாறைத் தீவுகள் ஆற்றை ஐந்து கால்களாகப் பிளக்கின்றன. முழக்கம் தொலைவிலேயே கேட்கும். ஆயினும் வலப்புற ஓரக் காலில், நீர் கூராகக் குவிந்து இறங்கும் நடுநாவைப் பிடித்துத் தோணியை நேராக வைத்திருந்தால், சில அலைகளோடு அது முடிந்துவிடும். நீரில் தெரியும் கூர்முனை கீழ்நோக்கி இருந்தால் அது வழி. மேல்நோக்கி இருந்தால் அங்கே பாறை மறைந்திருக்கிறது. குறுக்காகத் திரும்புவதுதான் கேடு. ஓடும் நீரின் விசை விரைவின் இருமடிக்கு ஏற்ப வளரும். நொடிக்கு இரண்டு மீட்டர் ஓடும் நீர், பாறையில் குறுக்காக மாட்டிய ஐந்து மீட்டர்த் தோணியை ஏறத்தாழ 400 கிலோ எடைக்கு ஈடான விசையோடு அழுத்தும். விரைவு இரட்டித்தால் அது 1,600 கிலோ. இழுத்துப் பார்க்கும் இருவர் கைகளுக்கு அது அசையாது. தோணியின் கீழ்ப்புறம், பாறைக்கும் அதற்கும் இடையே, ஒருபோதும் நிற்கலாகாது.

உணவுப் பீப்பாயைப் பற்றி ஒரு சொல். அதன் இறுகிய மூடி மணத்தை அடைக்கிறது. கரடியின் பல்லையும் கையையும் அது தடுக்குமென்று நம்பலாகாது. சமைக்கும் இடமும் உணவு வைக்கும் இடமும் கூடாரத்திலிருந்து விலகியிருக்க வேண்டும். கரடிவிரட்டித் தெளிப்பானின் உயிர், நம் மிளகாயில் உறைப்பாக இருக்கும் கேப்சைசின். வானூர்தியில் அதையும் அடுப்பு வாயுவையும் கொண்டுவர இசைவில்லை. எனவே எத்தனை கருவி சொந்தமாக வைத்திருப்பவரும் ஒயிட்ஹார்ஸ் கடையை நாடியே தீர வேண்டும்.

ஃபோர்ட் செல்கர்க்குக்குக் கீழே வெள்ளை ஆறு வந்து கலக்கும் இடத்தில் யூக்கான் நிறம் மாறுகிறது. பனியாறுகள் பாறையை அரைத்த மாவை அது சுமந்து வருகிறது. அத்துகள்கள் தோணியின் அடியில் உரசும் மெல்லிய சீறலை டாசன் வரை கேட்கலாம். வாடகைக்குப் பெற்ற நீர்வடிகட்டி இங்கே விரைவில் அடைத்துக்கொள்ளும். வாளியில் நீரைத் தெளியவிடலாம் என்றால், ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விட்டமுள்ள துகள் குளிர்நீரில் மணிக்கு ஏறத்தாழ ஒரு சாண் இறங்கும். அதில் பத்தில் ஒரு பங்கான துகள் நூறு மடங்கு மெதுவாக இறங்கும். ஒரு சாண் வாளிநீர் தெளிய நான்கு நாள் வேண்டும். தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளிவித்த நம் பாட்டிமார், நுண்துகள்களை ஒன்றோடொன்று திரளச் செய்து விட்டத்தைப் பெருக்கி இக்காத்திருப்பைக் குறைத்தனர். யூக்கானில் படிகாரம் அதே வேலையைச் செய்யும். அதனினும் எளிது, பக்கவாட்டில் வந்து சேரும் தெளிந்த சிற்றோடைகளில் நீர் முகந்து, கொதிக்கவைத்துக் குடிப்பது.

இப்பகுதியில் ஆறு அகன்று, தீவுகளாலும் மணல்திட்டுகளாலும் பின்னிக் கிடக்கிறது. கரைமாறுவதற்குக் கணக்கு வேண்டும். முந்நூறு மீட்டர் அகலத்தை மணிக்கு ஐந்து கிலோமீட்டர் விரைவில் நேர்க்குறுக்காக வலித்துக் கடக்க மூன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். ஆறு மணிக்கு எட்டுக் கிலோமீட்டர் ஓடினால் அதற்குள் தோணி அரைக் கிலோமீட்டர் கீழே போயிருக்கும். டாசன் வலக்கரையில், கிளாண்டைக் ஆறு கலக்கும் இடத்தில் அமைந்த ஊர். நகரின் வீடுகள் தெரிந்த பின் வலக்கரையைத் தேடினால் ஆறு ஊரைத் தாண்டிக் கொண்டுபோய்விடும். ஆகவே சில கிலோமீட்டர் முன்பிருந்தே வலக்கரையோடு ஒட்டிவர வேண்டும்.

டாசனில் இறக்கிய தோணிகள் அடுக்கப்பட்டு, ஏறத்தாழ 530 கிலோமீட்டர் சாலைவழியே ஒயிட்ஹார்ஸுக்குத் திரும்புகின்றன. கருவிகளை எண்ணி ஒப்படைக்கும்போது இன்னொன்றையும் ஒப்படைக்க வேண்டுகிறேன்: எந்தத் தீவின் இடக்கால் வற்றியிருந்தது, எந்த முகாமருகே கரடி நடமாடியது, எங்கே கரை சரிந்து மரங்கள் ஆற்றில் விழுந்து கிடந்தன என்னும் செய்தி. அச்சிட்ட ஆற்றுப்படங்கள் அந்த ஆண்டின் மணல்திட்டுகளை அறியா. அடுத்த வாரம் அதே தோணியில் ஏறப்போகிறவருக்குக் கடைக்காரர் படத்தின்மேல் பென்சிலால் குறித்துக் கொடுப்பது அச்செய்தியைத்தான்.