காதல் கதையில் ஒரு சோதனைச்சாலை



பினாங்கு ஜார்ஜ் டவுனில் உள்ள கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை நம்மில் பலர் அறிவோம். முன்னாளில் அதற்குப் பிட் ஸ்திரீட் என்று பெயர். ஒரு முனையில் 1818-இல் கட்டி முடிக்கப்பட்ட புனித ஜார்ஜ் தேவாலயம், சற்றுத் தள்ளிச் சீனர்களின் குவான் யின் கோயில், தென்பக்கத்தில் 1801-இல் இந்திய முஸ்லிம்கள் தோற்றுவித்த பள்ளிவாசல், அடுத்த தெருவில் மகா மாரியம்மன் கோயில். தீபாவளிக்குச் சேலை எடுக்கவும் கல்யாணத்துக்கு நகை வாங்கவும் தோட்டத்துக் குடும்பங்கள் வந்து சேரும் இடம் இந்தச் சுற்றுவட்டாரம்தான்.

சாமான்கள் எல்லாம் வாங்கி முடிந்த பிறகு, மகள் ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து நீட்டுகிறாள். "படிக்கிற பிள்ளைக்குக் காதல் கதை எதுக்கும்மா?" என்று தாய் கேட்கிறாள். அந்தத் தாயின் கேள்வியைத்தான் இன்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

அண்மை ஆண்டுகளில் மேல்நாட்டில் ஒரு வகைக் காதல் நாவல் மிகவும் விரும்பிப் படிக்கப்படுகிறது. அதன் கதாநாயகி பணக்கார வீட்டுப் பெண் அல்லள்; ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை செய்பவள். 2021-இல் வெளிவந்த 'தி லவ் ஹைப்பாதிசிஸ்' என்ற ஆங்கில நாவல் இந்த வகையில் பெயர் பெற்றது. ஆலி ஹேசல்வுட் என்ற புனைபெயரில் அதை எழுதியவர், மூளை நரம்பு பற்றிய விஞ்ஞானத்தில் டாக்டர் பட்டம் பெற்ற பெண்மணி.

கதாநாயகி ஆலிவ், உயிரியல் ஆராய்ச்சி மாணவி. தாயைப் பறித்துக்கொண்ட கணையப் புற்றுநோயை விரைவில் கண்டறிய வழி தேடுகிறாள். ஒரு பேராசிரியரும் அவளும் காதலர்கள் என்று ஊருக்கு நடிக்கிறார்கள், நடிப்பு மெய்யாகிறது. இடையில் வேறொரு பேராசிரியர், அவள் முன்னுக்கு வந்தது அறிவால் அன்று, அந்த உறவால்தான் என்று அவமதிக்கிறார். கதையின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது. உழைத்துப் பெற்ற பெருமையை ஒரே சொல்லில் பறிக்கிறார்களே என்ற வேதனை, படிக்கும் பெண் எவளுக்கும் புரியும்.

இது வெறும் கற்பனையா? நம் பக்கத்து வரலாற்றைப் பார்ப்போம். 1933-இல் கமலா என்ற இளம்பெண் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர மனுச் செய்தார். அப்போது அதன் தலைவர் நோபல் பரிசு பெற்ற சர் சி. வி. ராமன். பெண் என்பதால் இடம் மறுத்தார். கமலா விடவில்லை, நேரில் போய் நியாயம் கேட்டார். இறுதியில் நிபந்தனைகளோடு இடம் கிடைத்தது. முதல் ஓராண்டு சோதனைக் காலம். ஆண் ஆராய்ச்சியாளர்களின் கவனம் அவரால் சிதறக்கூடாது என்பதும் ஒரு நிபந்தனை.

நேயர்களே, கவனியுங்கள். ஒரு பெண் படிக்க வந்தால், அவள் காதலுக்குக் காரணமாவாள் என்ற பயமே அவளுக்குக் கதவை அடைத்தது. கமலாவோ நன்றாக உழைத்துக் கேம்பிரிட்ஜ் சென்று 1939-இல் டாக்டர் பட்டம் பெற்றார். 1947-இல் மணம் புரிந்து கமலா சோஹோனி ஆனார். பம்பாயில் பதநீர், பருப்பு வகைகள் முதலிய ஏழை மக்களின் உணவைப் பற்றி ஆராய்ந்தார். குடும்பமும் அமைந்தது, விஞ்ஞானமும் நிலைத்தது.

தமிழிலும் நமக்கொரு சான்று உண்டு. எழுத்தாளர் 'லக்ஷ்மி'யைப் பெரியவர்கள் அறிவார்கள். 1963-இல் வந்த 'இருவர் உள்ளம்' படம், அவருடைய 'பெண் மனம்' நாவலிலிருந்து எடுக்கப்பட்டது. அவர் இயற்பெயர் திரிபுரசுந்தரி, தொழிலால் மருத்துவர். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படிக்கும்போது பணம் போதாமல், ஆனந்த விகடனில் கதை எழுதி வந்த வருமானத்தைக் கொண்டு படிப்பைத் தொடர்ந்தார். 1984-இல் 'ஒரு காவிரியைப் போல' நாவலுக்காகச் சாகித்திய அகாதமிப் பரிசும் பெற்றார். 'கதை படித்தால் படிப்புக் கெடும்' என்போம். இங்கே கதையே படிப்புக்குப் பணம் கட்டியது!

விஞ்ஞானம் நமக்கு எட்டாத பொருளும் அன்று. வெட்டி எடுத்த பால் கெட்டியாகாமல் இருக்க அம்மோனியா சேர்க்கிறோம். கட்டியாக்க பார்மிக் அமிலம் ஊற்றுகிறோம். ஏன்? பாலில் மிதக்கும் ரப்பர்த் துகள்கள் எல்லாம் ஒரே வகை மின்னேற்றம் கொண்டவை. ஆகவே ஒன்றையொன்று விலக்கித் தனித்தனியே நிற்கின்றன. அமிலம் அந்த மின்னேற்றத்தைப் போக்கியதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பால் ஸ்டோரில் அம்மா தினமும் பார்த்த காட்சியைத்தான் மகள் இரசாயன வகுப்பில் படிக்கிறாள்.

இனி, அந்தத் தாய்க்கு என்ன பதில்? கதையைத் தடுக்க வேண்டாம். கேள்வி கேட்டுப் படிக்கச் சொல்லுவோம். கதாநாயகியின் வேலை கதையில் உண்மையாக வருகிறதா, வெள்ளைக் கோட்டோடு நின்றுவிடுகிறதா? கல்யாணமானதும் அவள் வேலை என்ன ஆயிற்று? மதிப்பெண்ணும் சிபாரிசும் கையில் வைத்திருக்கும் ஆசிரியர் ஒருவர் மாணவியை விரும்பினால், அவளால் பயமின்றி 'வேண்டாம்' என்று சொல்ல முடியுமா? கதையில் இனிதாக முடிவது வாழ்க்கையில் துன்பமாகவும் முடியலாம். இதைத் தாயும் மகளும் சேர்ந்து பேசுவது நல்லது.

அதோடு நிற்காமல், மகள் நான்காம் படிவத்தில் பாடம் தேர்ந்தெடுக்கும் நாளில், பௌதிகம், இரசாயனம், உயிரியல் என்று அவள் கேட்டால், 'பெண் பிள்ளைக்கு எதற்கு?' என்று சொல்லாதிருப்போம். பினாங்குத் தீவிலேயே, குளுகோரில், 1969-இல் தொடங்கிய அறிவியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. பள்ளிவாசல் சாலையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான்.

அடுத்த தீபாவளிக்கு அந்தச் சாலைப் பக்கம் போகும்போது, சேலையோடு ஒரு புத்தகமும் வாங்குங்கள். முதலில் மகள் படிக்கட்டும். பிறகு நீங்களும் படியுங்கள்.